வண்டி நிறுத்த ஓரிடம்

சென்னையில் குடியிருக்க வீடு தேடி அலைவோரைப் பற்றிக் கதைகளும் நாடகங்களும் ஏராளம். வண்டி நிறுத்த இடம் தேடி அலைவோரைப் பற்றி எழுதத்தான் ஆளில்லை. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கிறிஸ்துமசுக்குத் துணி எடுக்கக் குடும்பத்தோடு தியாகராய நகருக்குப் போய் வந்த பிறகு, அந்தக் குறையை நானே தீர்த்து வைப்பதென்று முடிவு செய்தேன்.

தோழியரே, தியாகராய நகர் ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மாம்பலம் ஏரியைத் தூர்த்து, 1920-களில், நீதிக் கட்சி ஆட்சியின்போது அமைத்த குடியிருப்பு அது. சர் பிட்டி தியாகராயரின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். அப்போது முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயரை நடுவிலிருந்த பூங்காவுக்கு வைத்தார்கள். தோட்டத்தோடு கூடிய வீடுகள், அகலமான தெருக்கள் என்று பார்த்துப் பார்த்துத் திட்டமிட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கார் வரும், ஊரெல்லாம் இங்கே வந்து துணியும் நகையும் வாங்கும் என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

நாங்கள் பல்லாவரத்திலிருந்து கிளம்பியபோது மாலை மணி நான்கு. பனகல் பூங்காவை அடைந்தபோது ஐந்து. அதன்பின் தொடங்கியது எங்கள் திருப்பயணம்! உஸ்மான் சாலையில் வண்டியை நிறுத்த நினைப்பதே பாவம். வெங்கடநாராயணா சாலையில் ஒரு காலி இடம் தெரிந்தது. அருகில் சென்றால் அங்கே ஒரு ஸ்கூட்டர் மறைந்து நின்றது. பூங்காவை மூன்றாம் முறை சுற்றியபோது பின் இருக்கையிலிருந்த பாட்டி, “எரிகோ மதிலை ஏழு தரம் சுற்றினார்களாம், விழுந்ததாம். நீயும் இன்னும் நாலு தரம் சுற்றிப் பார், ஏதாவது ஒரு கடை விழுந்தால் அங்கே நிறுத்திக்கொள்ளலாம்” என்றார். அம்மாவும் நானும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை.

ஒரு சந்தின் முனையில் ஒருவர் கையைக் காட்டி அழைத்தார். யாரோ ஒருவருடைய வீட்டு வாசல் அது. “ஐம்பது ரூபா குடுங்க சார், நான் பார்த்துக்கறேன்” என்றார். அப்பா ரசீது கேட்டார். அந்த மனிதர் அப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு அடுத்த காரை அழைக்கப் போய்விட்டார். அந்தத் தெருவை அவர் யாரிடம் விலைக்கு வாங்கினாரோ!

கடைசியில் தணிகாசலம் சாலையில் மாநகராட்சி கட்டியிருக்கும் பல அடுக்கு வாகன நிறுத்துமிடத்திற்குப் போனோம். 222 கார்களும் 513 இரு சக்கர வண்டிகளும் நிற்கக்கூடிய கட்டடம் அது. அங்கே போக அப்பாவுக்கு முதலிலேயே மனமில்லை. கடைக்குத் தொலைவு, பாட்டிக்கு முழங்கால் வலி, அதோடு பணமும் கொடுக்க வேண்டும். “வண்டி வாங்கும்போதே சாலை வரி கட்டியாயிற்று. அதற்கு மேல் நிற்பதற்கும் ஒரு காசா?” என்பது அவர் வழக்கு. திரும்பி எடுக்கும்போது 60 ரூபாய் ஆயிற்று. இரவு வீடு வந்து சேரும்வரை அந்த 60 ரூபாயைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

ஆனால் நான் எழுத வந்தது அந்த 60 ரூபாயைப் பற்றி அன்று. நடுவில் நடந்ததைப் பற்றி.

காரை விட்டுவிட்டுப் பாண்டி பஜார் வழியாக நடந்தோம். 2019-ஆம் ஆண்டு நவம்பரில் அந்தச் சாலையின் நடைபாதையை அகலமாக்கித் திறந்தார்கள். பாட்டி என் தோளையும் கைத்தடியையும் பிடித்துக்கொண்டு ஆனந்தமாக நடந்தார். வழியில் போட்டிருந்த இருக்கையில் இரண்டு தடவை உட்கார்ந்து வேடிக்கையும் பார்த்தார். பிறகு கடைக்குப் போகப் பக்கத் தெருவில் திரும்பினோம். அங்கும் நடைபாதை உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. அதன்மீது வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். ஏறக்குறைய நாற்பது அடி தூரத்திற்கு ஓர் ஆள் நுழைய இடைவெளி இல்லை. வேறு வழியின்றிப் பாட்டியைச் சாலையில் இறக்கி நடத்தினேன். பின்னால் வந்த ஆட்டோ கிறீச்சிட்டு நின்றது. பாட்டியின் கைத்தடி தெறித்து விழுந்தது. நல்லவேளை, பாட்டி விழவில்லை. ஆட்டோக்காரர் என்னைத்தான் திட்டினார். “பெரியவங்களை ரோட்டுல இழுத்துக்கிட்டு வர்றியே!”

பாட்டியின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. கடைக்குள் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகும் நடுக்கம் நிற்கவில்லை. தனக்குப் புடவை வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்றார்.

அன்றிரவு அப்பா 60 ரூபாய்க் கணக்குப் பேசியபோது என் மனத்தில் வேறொரு கணக்கு ஓடியது. நாங்கள் வண்டி நிறுத்தியதற்குப் பணம் கொடுத்தோம். அந்த மோட்டார் சைக்கிள்கள் இலவசமாக நின்றன என்கிறோம். இலவசம் ஏது? அவற்றின் கட்டணத்தையும் ஒருவர் செலுத்தத்தான் செய்தார். அவர் என் பாட்டி.

மறுநாள் அளவுநாடாவை எடுத்தேன். ஒரு கார் நிற்க ஏறக்குறைய 5 மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் வேண்டும்; அதாவது பன்னிரண்டரைச் சதுர மீட்டர். எங்கள் வீட்டில் நானும் பாட்டியும் படுக்கும் அறை அதைவிடச் சிறியது! தியாகராய நகரில் அத்தனை இடத்தை வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள், என்ன சொல்வார்கள் என்று தெரியும். சாலை வரி என்பது வண்டி ஓடுவதற்கு. இது பொது நிலத்தில் தங்குவதற்கு வாடகை என்று அப்பாவிடம் சொன்னேன். “நீ வக்கீலுக்குப் படி” என்றார். ஒப்புக்கொண்டாரா இல்லையா என்பது இன்றுவரை தெரியாது.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலுள்ள ஓக்லஹோமா நகரத்தில் 1935-ஆம் ஆண்டு ஜூலை மாதம் உலகின் முதல் நிறுத்தக் கட்டண இயந்திரத்தைச் சாலையோரம் நட்டார்கள். மணிக்கு 5 சென்ட். கடைத்தெருவில் வேலை செய்பவர்கள் காலையில் நிறுத்திய காரை மாலைவரை எடுப்பதில்லை, வாங்க வருபவர்களுக்கு இடமில்லை என்பதால் வந்த யோசனை அது. காசு திரட்டுவதைவிட, வேலை முடிந்தவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

அதைப் படித்ததும் அந்த மோட்டார் சைக்கிள்கள் மீதிருந்த கோபம் சற்றுத் தணிந்தது. அவற்றில் பல, கடைகளில் நாள் முழுவதும் நின்றபடி துணி விரித்துக் காட்டும் அண்ணன்மாரும் அக்காமாரும் வந்த வண்டிகளாக இருக்கலாம். பத்து மணி நேரத்துக்கு மணிக் கணக்கில் கட்டணம் கொடு என்றால் அவர்கள் சம்பளத்தில் என்ன மிஞ்சும்? ஆறு மாடி கட்டி வியாபாரம் செய்கிறவர்கள், தம்மிடம் உழைப்பவர்களின் வண்டிக்கு ஒரு மூலை ஒதுக்கியிருக்கலாமே! சட்டம் இல்லாமலில்லை. பிறருக்கு இடையூறாகப் பொது இடத்தில் வண்டியை விடக்கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதத்தையும் உயர்த்தினார்கள். ஆனால் அபராதம் கட்டுவது ஓட்டி வந்தவர். இடம் கொடுக்காத முதலாளியை யாரும் கேட்பதில்லை.

பெற்றோர்கள் கோபித்துக்கொள்ளாவிட்டால் ஒன்று சொல்கிறேன். பள்ளி விடும் நேரத்தில் நம் வாசலில் நிற்கும் கார்களுக்கு இடையே புகுந்து, சின்னஞ்சிறு தங்கைகள் பேருந்தைப் பிடிக்க ஓடுவதை நாள்தோறும் பார்க்கிறேன். சிஸ்டர் நடுச்சாலையில் நின்று கையை நீட்டித் தடுத்தால்தான் அவர்களுக்கு வழி.

2024 ஈஸ்டருக்குத் துணி எடுக்க வேண்டிய நேரம் வந்தபோது பாட்டி, “நான் வரவில்லை” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தியாகராய நகர்ப் பேருந்து நிலையம்வரை 570 மீட்டர் நீளத்திற்கு ஆகாய நடைபாதை திறந்திருக்கிறார்கள், அதில் மின்தூக்கியும் உண்டு என்று நான் எடுத்துச் சொன்னேன். இரண்டு நாள் யோசித்தார். பல்லாவரத்திலிருந்து ரயிலில் ஆளுக்கு 5 ரூபாய் என்றதும், “வண்டி நிறுத்த அறுபது, ஆள் போக ஐந்தா?” என்று வியந்து, புடவையை மாற்றிக்கொண்டு வந்தார். மேலே மெல்ல நடந்தோம். கீழே உஸ்மான் சாலையில் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. பாட்டி கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்று, அவற்றை எண்ணத் தொடங்கினார். நானும் அப்பாவும் காத்திருந்தோம்.