படிவம் கேட்காத கேள்வி

டாக்டர்களுக்கு இண்டெம்னிட்டி பாலிசி, அதாவது நோயாளி வழக்குப் போட்டால் நஷ்டஈட்டை ஏற்கும் காப்பீடு, எடுத்துக் கொடுப்பது என் தொழில். புதுப்பிக்கும் மாதம் வந்தால் எல்லா கிளினிக்கிலும் ஒரே கேள்விதான்: "போன வருஷத்தைவிட ஏன் கூடியிருக்கு?"

காசு வாங்கிக்கொண்டு பார்க்கும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் சொன்னது. 2013-ல் கொல்கத்தா வழக்கு ஒன்றில் நஷ்டஈடு ஏறக்குறைய 6 கோடி, வட்டி தனி. 2015-ல், குறைமாதக் குழந்தையாகச் சென்னையில் பிறந்து, விழித்திரைப் பரிசோதனை நடக்காததால் பார்வை போன பெண்ணுக்கு 1.8 கோடி. இதையெல்லாம் பேப்பரில் படித்த டாக்டர், பழைய காப்பீட்டுத் தொகையோடு நிம்மதியாகத் தூங்குவாரா? கூடுதல் தொகைக்குக் கேட்கிறார், பிரீமியமும் கூடவே ஏறுகிறது.

படிவத்தில் துறை, படுக்கை எண்ணிக்கை, ஆபரேஷன் உண்டா என்று மளமளவென்று நிரப்பிவிடுவார்கள். 'இதற்கு முன் நோட்டீஸ் வந்ததா' என்ற இடத்தில்தான் பேனா நிற்கும். "வெறும் வக்கீல் நோட்டீஸ்தான் சார், கேஸாகலையே, எழுதணுமா?" எழுதத்தான் வேண்டும் டாக்டர். மறைத்தால் க்ளெய்ம் சமயத்தில் கம்பெனி கையை விரித்துவிடும்.

இன்னொன்று, ரெட்ரோ டேட்: எந்தத் தேதிக்குப் பின் பார்த்த வைத்தியத்துக்குப் பாலிசி பொறுப்பேற்கும் என்பது. இன்று பார்த்த பிரசவத்துக்கு அடுத்த வருஷம் வழக்கு வரலாம். வழக்கு வரும் நாளில் பாலிசி உயிரோடு இருந்தால்தான் பணம். நடுவில் ஒருமுறை புதுப்பிக்காமல் விட்டால், புது பாலிசி பழைய வருஷங்களைத் திரும்பிப் பார்க்காது.

நோயாளியிடம் எவ்வளவு நேரம் பேசுவீர்கள் என்று மட்டும் எந்தப் படிவமும் கேட்பதில்லை. உட்கார வைத்து விளக்குகிறவருக்கும், தலை நிமிராமல் சீட்டு எழுதுகிறவருக்கும் ஒரே ரேட். ஆனால் நான் படித்த நோட்டீஸ்களில் திரும்பத் திரும்ப வரும் புகார், "எங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை" என்பதுதான்.

வைத்தியச் செலவு ஏறுவதற்கு இந்த பிரீமியம்தான் காரணம் என்று டாக்டர்களே சொல்வார்கள். வருஷ பிரீமியத்தை வருஷத்து நோயாளிகளால் வகுத்துப் பாருங்கள், தலைக்கு அற்பத் தொகைதான் வரும். செலவு பயத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 2010-ல் வந்த ஓர் ஆய்வு, வழக்குச் சுமை மொத்த மருத்துவச் செலவில் 2.4 சதவீதம் என்றது. அதிலும் பெரும்பங்கு பிரீமியமல்ல, வழக்குக்குப் பயந்து எழுதும் டெஸ்டுகள். இங்கேயும் தலைவலிக்கு, "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஒரு ஸ்கேன்.

சின்ன ஊரில் பிரசவம் பார்த்துவந்த டாக்டரம்மா ஒருவர், "இனி ஓ.பி. மட்டும்னு மாத்திடுங்க" என்றார். பிரீமியம் இறங்கியது. அந்த ஊர்ப் பெண்கள் இப்போது வலியோடு கார் பிடித்து மாவட்டத் தலைநகருக்குப் போகிறார்கள். அவர் ஏற்கெனவே பார்த்த பிரசவங்களுக்கு வழக்கு வந்தால் அதுவும் பாலிசியில் சேரும் என்று கம்பெனியிடம் எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.