பாடபேதம்

கேசாதிபாதம் நடத்தும் தமிழாசிரியர்கள் பலருக்கு ஒரு தந்திரம் கைவந்திருக்கும். கூந்தலில் தொடங்கி நெற்றி, புருவம், கண் என நிதானமாக இறங்கி வந்து, இடை வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒரே தாவலில் பாதத்தை அடைந்துவிடுவது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாமும் அதைத்தான் செய்து வந்திருக்கிறோம். இடைக்கும் தொடைக்கும் நடுவிலுள்ள நிலத்தை உரையாசிரியர்களின் பொறுப்பில் விட்டுவிடுவோம். 2014ஆம் ஆண்டு ஐப்பசியில் ஓர் இரவு, அந்த நிலத்தின் வரைபடத்தை ஒரு ஸ்கேன் உறையின் பின்புறத்தில் பார்க்க நேர்ந்தது.

அம்மாவுக்கு அப்போது 68 வயது. மெலிந்த உடம்பு. இரண்டு நாட்களாக வாந்தி, வயிறு ஊதியிருந்தது. ஊரிலிருந்த மருத்துவர் அஜீரணம் என்று ஊசி போட்டு அனுப்பியிருந்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அம்மா அவரிடம் வயிற்றை மட்டுமே காட்டியிருந்தாள். மதுரைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அக்காவின் காதில் சொன்னாள், கவட்டில் ஒரு கட்டி இருக்கிறதென்று. எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, பேரன் காதுகுத்துக்கு முன்னாலிருந்து என்றாள். கணக்குப் பார்த்தால் இரண்டு ஆண்டுகள்.

ஏன் சொல்லவில்லை? அவ்விடத்துக் கட்டிக்கு எங்கள் ஊர்ப்பக்கம் வழங்கும் பெயர் அரையாப்பு. கெட்ட சகவாசத்தால் வரும் நோய்க்கும் அதே பெயர்தான். கணவனை இழந்து பதினோரு ஆண்டுகள் ஆன ஒருத்தி அந்தச் சொல்லை யாரிடம் சொல்வாள்? குடலிறக்கம் என்பது ஆண்களுக்கு வருவது என்றே அவள் நினைத்திருந்தாள். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அறுவை மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல் உறையைத் திருப்பி வைத்துப் படம் வரைந்தார். தொடையும் வயிறும் கூடுமிடத்தில் ஒரு சிறு வளையம். அதன் வழியே குடலின் ஒரு மடிப்பு இறங்கி நெரிபட்டிருக்கிறது. வளையத்தின் முன்புறம் இடுப்புத் தசைநார், பின்புறம் எலும்பு, வெளிப்புறம் காலிலிருந்து வரும் பெரிய சிரை. மூன்றும் கத்தி வைக்கக் கூடாத இடங்கள். உட்புறம் மட்டும் பிறைபோல ஒரு தசைநார். அதை அறுத்தால் வளையம் இளகிக் குடல் விடுபடும்.

"அங்கதான் சார் ஒரு சிக்கல். சிலருக்கு அந்த ஓரத்துல ஒரு ரத்தக்குழாய் ஓடும். புஸ்தகப்படி அது அங்க இருக்கக் கூடாது."

"அம்மாவுக்கு இருக்கிறதா?"

"திறந்து பாத்தாத்தான் தெரியும்."

பிறகு அவர் சொன்னதையும், நாம் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறோம். நான்காம் இடுப்பு முள்ளெலும்பின் அருகே பெருந்தமனி இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் மறுபடி உள், வெளி என இரண்டாகிறது. வெளிக்கிளை காலுக்குச் செல்கிறது. உட்கிளை இடுப்புக்குழிக்குள் இறங்கிச் சிறுநீர்ப்பை, கருப்பை, பிட்டத் தசைகள் எல்லாவற்றுக்கும் குருதி கொடுக்கிறது. இடுப்பெலும்பின் பெரிய துளையை மூடிய சவ்வின் ஓரமாகத் தொடைக்குள் நுழையும் ஒரு தமனியும் உண்டு. அதை ஆங்கிலத்தில் ஆப்டுரேட்டர் என்பர். அடைப்பது என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பாடநூலின்படி இது உட்கிளையின் பிள்ளை. ஆனால் ஏறக்குறைய 5 பேரில் ஒருவர் முதல் 3 பேரில் ஒருவர் வரை, அது வெளிக்கிளையின் பக்கத்திலிருந்து, வயிற்றுச் சுவருக்கு ஏறும் தமனியிலிருந்து பிறந்து, எலும்பின் மேல் வளைந்து கீழே இறங்குகிறது. பெரும்பாலும் வளையத்தின் வெளிப்புறமாக, சிரையை ஒட்டிப் போய்விடும், தீங்கில்லை. சிலருக்கு உட்புறம் சுற்றி, அறுக்க வேண்டிய அதே பிறையின் விளிம்பில் ஓடும். தெரியாமல் அறுத்துவிட்டால் அறுந்த முனை இடுப்புக்குழிக்குள் சுருங்கி ஒளிந்துகொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் குருதியைக் கொட்டும்.

இவ்வகை இணைப்புக்கு மருத்துவர் வைத்த பெயர் கொரோனா மோர்ட்டிஸ். சாவின் மகுடம். (2020க்குப் பிறகு முதற்சொல்லைக் கேட்டாலே நமக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது; மகுடம் என்ன பாவம் செய்தது!) இப்பெயர் சற்று மிகை என்று இன்றைய அறுவையாளர் சிலர் கருதுகின்றனர். எலும்பின் மேல் அப்படிக் கடப்பவற்றில் தமனியைவிடச் சிரைகளே அதிகம். தடித்த தமனி குறைவு. உண்மையாக இருக்கலாம். அன்றிரவு நமக்கு மிகையாகத் தோன்றியிருக்காது.

அந்தப் பிறைக்குக் கிம்பர்நாட் என்னும் ஸ்பானிய அறுவையாளரின் பெயர் வழங்குகிறது. உட்புறம் அறுக்கும் முறையை அவர் 1793இல் நூலாக வெளியிட்டார். சிரைக்கு அஞ்சி உட்புறம் திரும்பிய கத்தி, அங்கே இந்தத் தமனியைச் சந்தித்தது.

இரவு பத்தரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். அக்கா நடைபாதையில் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாம் உறையைக் கையில் வைத்திருந்தோம். அந்த நேரத்தில் நினைவுக்கு வந்த சொல் பாடபேதம். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த சாமிநாதையர் எத்தனை ஏடுகளைத் தேடி அலைந்தார்! அச்சில் ஒரு பாடம் மேலே நிற்கும். ஏடுகளில் கண்ட மற்றவை அடிக்குறிப்பில் கிடக்கும். அடிக்குறிப்பைத் தேர்வுக்குக் கேட்பதில்லை என்று மாணவர்க்கு நாமே சொல்லியிருக்கிறோம். உடம்பின் அச்சுப் பிரதியும் அப்படித்தான் போலும். 1858இல் வெளிவந்த ஹென்றி கிரேயின் நூலுக்கு ஹென்றி வாண்டைக் கார்ட்டர் வரைந்த படங்களில் ஒவ்வொரு தமனியும் அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அடிக்குறிப்புகளைத் தொகுக்க வேறோர் ஆள் வேண்டியிருந்தது. ஜப்பானியரான அடாச்சி புன்தாரோ பிரேதங்களை அறுத்து அறுத்துத் தமனிகளை ஒப்பிட்டு, 1928இல் ஜெர்மன் மொழியில் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். இடுப்பின் உட்கிளை பிரியும் விதத்தை மட்டும் ஐந்து வகையாக்கினார். அவ்வகைப்பாட்டை அறுவையாளர்கள் இன்றும் சுட்டுகிறார்கள். ஏடு ஒப்பிடுபவனின் பிடிவாதம் நமக்குப் பழக்கமானது. அவரை நாம் பார்த்ததில்லை என்றாலும் தெரியும்.

ஆனால் ஓரிடத்தில் இந்த ஒப்புமை உடைகிறது. ஏட்டில் பேதம் வருவது எழுதியவன் கைப்பிழையால். உடம்பில் பிழை என்று ஒன்றில்லை. கருவில் இவ்விடத்தில் முதலில் தோன்றுவது நுண்குழாய்களின் வலைப்பின்னல் ஒன்றுதான். எதில் ஓட்டம் மிகுகிறதோ அது தடித்துத் தமனியாகிறது. மற்றவை மெலிந்து மறைகின்றன. உள்வழியும் வெளிவழியும் முதலில் எல்லோருக்கும் உண்டு. மூலபாடம் என்று எதையும் சொல்வதற்கில்லை.

இரண்டரை மணிக்கு மருத்துவர் வெளியே வந்தார். முகக்கவசத்தின் தழும்பு கன்னத்தில் இருந்தது.

"இருந்துச்சு சார். விரல் வச்சதும் துடிப்பு தெரிஞ்சுது. ரெண்டு பக்கமும் கட்டிட்டுத்தான் வெட்டினேன். குடல் கறுத்திருந்துச்சு. வெந்துணி போட்டுக் காத்திருந்தோம், நிறம் திரும்பிருச்சு. எடுக்க வேண்டியதில்ல."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நாம் ஏதோ நன்றி சொல்லியிருப்போம், நினைவில்லை. அவர் உள்ளே திரும்பிய பிறகுதான், விரல் வைத்துப் பார்க்காத ஒருவர் அன்று பணியில் இருந்திருந்தால் என்ற எண்ணம் வந்து, கால் நிற்கவில்லை. கருப்பை நீக்கம், பேற்றுக்குப்பின் குருதிப்போக்கு, இடுப்பெலும்பு முறிவு என இந்தப் பகுதியில் கத்தி வைக்கும் எல்லோரும் படத்தில் உள்ளதை நம்பாமல் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது பிற்பாடு படித்தறிந்தது.

அம்மா வீடு திரும்பிய பின் இதற்குத் தமிழ் என்ன என்று தேடினோம். ஆசிரியப் புத்தி. நமது பாடநூல்கள் தமனி, சிரை என்கின்றன. இலங்கைத் தமிழர் நாடி, நாளம் என்கிறார்கள். இடுப்புக்குழியை அவர்கள் கூபகம் என்பது அழகாகவே இருக்கிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், உடற்கூற்றியலுக்கு ஆண்ட சொல் அங்காதிபாதம். கேசாதிபாதத்தின் ஓசை அதில் நமக்குக் கேட்கிறது. கிரீன் இடையில் மணி பார்த்துத் தாவியிருக்க முடியாது. எதிரே இருந்தவர்கள் மருத்துவ மாணவர்கள்.

தையல் பிரித்த வாரத்தில், திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டாள்.

"அங்கன என்னத்தப்பா கண்டாக? ஒங்க அக்கா ஏதோ சொல்லுதா, ஒண்ணும் வெளங்கல."

நாம் தமனி என்று தொடங்கி நிறுத்திக்கொண்டோம். பிறகு, "ஒரு வாய்க்கா வேற மடையிலிருந்து வந்திருக்கும்மா" என்றோம்.

"கீழமடையிலிருந்தா?"

"ஆமா."

"நம்ம வயக்காடும் அப்படித்தானய்யா. கணக்குப்பிள்ளை படத்துல மேலமடைப் பாசனம்னு இருக்கும். தண்ணி வாரது கீழமடையிலதான். ஒங்க அப்பா எத்தன தடவ மனு எழுதிக் குடுத்தாக" என்றவள், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவருக்குக் கொஞ்சம் உளுந்து கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டு, கட்டி இருந்த இடத்தில், நம் எதிரிலேயே, புடவையின் மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.