மேதினிப்பூர்ச் செம்மண்ணில் சைக்கிள்

சைக்கிள் ஓட்டுவது நம்மில் பெரும்பாலோருக்குப் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோன வித்தை. மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து, குரங்குப் பெடல் போட்டு, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு கற்ற வித்தை அது. உத்தியோகம் கிடைத்து, ஊரை விட்டு வந்து, தவணையில் ஒரு ஸ்கூட்டரும் வாங்கிவிட்டால் பிறகு அதன் நினைவே நமக்கு எழுவதில்லை. பதினெட்டு ஆண்டு இடைவெளிக்குப் பின், முப்பத்தேழாம் வயதில், நான் மீண்டும் சைக்கிள் ஏறியதற்கு வைத்தியர் ஒரு காரணம். இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டருகே வந்து நிற்கிறது என்றார் அவர். நண்பர் ஒருவர் மற்றொரு காரணம். வருகிற தை மாதத்தில் இவ்வட்டாரத்துச் சைக்கிள் அன்பர்கள் சிலர் கூடி, 75 கிலோமீட்டர் தூரம் சரளைப் பாதையிலேயே ஓட்டம் ஒன்று நடத்தப் போகிறார்கள் என்ற செய்தியை அவர் கொண்டுவந்தார். ஆவணியில் பயிற்சியை ஆரம்பித்தேன். அதன் பயனாக நான் கண்டுகொண்ட ஒரு நாட்டைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

சரளைப் பந்தயம் என்பது புதுமையான விளையாட்டு. தார்ச்சாலையில் ஓடுவதும் அன்று, மலைப்பாறைகளில் குதித்து இறங்குவதும் அன்று. கிராமங்களை இணைக்கும் கப்பிப் பாதைகளில் நெடுந்தூரம் ஓடுவது. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து எம்போரியா என்ற சிற்றூரில் 2006-ஆம் ஆண்டு தொடங்கிய 200 மைல் பந்தயம் இவ்விளையாட்டுக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது. அதற்கு முன்பே, 1997-இல், இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில், தார் போடப்படாத வெண்ணிறச் சாலைகளைக் காக்க வேண்டும் என்பதற்காகவே ‘எரோயிகா’ என்ற சைக்கிள் விழாவைத் தொடங்கினார்கள். 2022 முதல் உலகச் சாம்பியன் பட்டத்துக்கும் சரளையில் போட்டி நடந்து வருகிறது. ஆயினும் இதற்கு வேண்டிய முதற்பொருள் தார் படாத தரைதான். அது எங்கள் கரக்பூரைச் சுற்றி இன்னும் இருக்கிறது.

கரக்பூர் என்றவுடன் தமிழ் அன்பர்களுக்கு நினைவு வருவது பிளாட்பாரந்தான். கோரமண்டலிலோ மெயிலிலோ ஹௌராவுக்குச் செல்லும்போது, 1,072 மீட்டர் நீளமுள்ள அந்தப் பிளாட்பாரத்தைக் குழந்தைகளுக்குக் காட்டியிருப்பீர்கள். 2023-இல் ஹூப்ளியில் 1,507 மீட்டர் நீளத்தில் அமைந்த பிளாட்பாரம் அதனினும் நீளமானது. ரயில்வேயில் வேலை செய்யும் நாங்களும் இந்த ஊரை ஏறக்குறைய அதே விதமாகத்தான் அறிந்திருந்தோம். குவார்ட்டர்ஸ், ஆபீஸ், கடைத்தெரு, குழந்தைகளின் பள்ளிக்கூடம், கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் வண்டி. மேதினிப்பூர், கோதாபியாசால், சால்போனி, சந்திரகோணா ரோடு, கட்பேட்டா, விஷ்ணுபூர் என்று ஆத்ரா மார்க்கத்து நிலையங்களின் பெயர்களை ஆயிரம் முறையாவது கையால் எழுதியிருப்பேன். அவற்றுக்குப் பின்னால் மண்ணும் மரமும் மனிதர்களும் உண்டு என்பதைச் சைக்கிள்தான் எனக்கு அறிவித்தது.

முதலில் மண்ணைச் சொல்ல வேண்டும். கங்கைச் சமவெளியின் வண்டல் இப்பக்கம் வரும்போது முடிந்து, செம்மண் மேடு ஆரம்பமாகிறது. இங்குள்ளவர்கள் இந்தச் சரளையை ‘மோரம்’ என்கிறார்கள். புதுக்கோட்டையிலும் தஞ்சையை அடுத்த வல்லத்திலும் நாம் செம்பூரான்கல் என்று சொல்கிறோமே, அதே இனந்தான். நெடுங்காலம் பெய்யும் மழை, பாறையிலுள்ள மணற்சத்தைக் கரைத்துக் கொண்டுபோக, இரும்பும் அலுமினியமும் எஞ்சி நின்று இக்கல் உருவாகிறது. வெட்டும்போது மிருதுவாக இருந்து, காற்றும் வெயிலும் பட்டபின் இறுகும் இயல்புடையது. பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர், மலையாள நாட்டின் அங்காடிப்புரத்தில் இதைச் செங்கல்லைப் போல் அறுத்தெடுப்பதைக் கண்டு, 1807-இல் வெளியிட்ட தம் நூலில், லத்தீனில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘லேட்டரைட்’ என்று பெயரிட்டார்.

இந்தக் கல் உதிர்ந்து மிளகளவிலும் நெல்லிக்காயளவிலும் உருண்டைகளாகப் பாதையில் பரவிக் கிடக்கும். அதன்மேல் சைக்கிளை விடுவது, சிந்திய கடலையின்மேல் நடப்பதற்கு ஒப்பானது. ஆகவே பயிற்சியின் முதற்பாடம் டயர்தான். தார்ச்சாலைப் பந்தயச் சைக்கிளின் டயர் 25 முதல் 28 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். சரளைக்கு 40 மில்லிமீட்டர் அளவில் வேண்டும். காற்றும் கல்லைப் போல் இறுக அடிக்கக் கூடாது. என் எடைக்கு 40 பவுண்டு அழுத்தத்தை ஒட்டியே வைத்துக்கொள்கிறேன். இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளுகிறது. துள்ளும்தோறும் நம் உழைப்பு வீணாகிறது. சற்றுத் தளர்ந்த டயரோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு உருண்டு செல்கிறது. வளைவில் திரும்பும்போது பிரேக்கைத் தொடலாகாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். கைப்பிடியை முஷ்டியாக இறுக்காமல், முழங்கையைத் தளர்த்தி, கண்ணைப் பத்து கஜம் முன்னால் வைக்க வேண்டும்.

முதல் மாதம் ஹிஜ்லிப் பக்கமே சென்று வந்தேன். போக வர பத்து கிலோமீட்டர். ஆபீஸுக்கு முன், வாரத்தில் மூன்று நாள். மூச்சு வாங்காமல் பக்கத்திலிருப்பவரோடு பேச முடிகிற வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது அந்த மாதத்து விதி. ஹிஜ்லியில் பழைய தடுப்புச் சிறைக் கட்டிடம் நிற்கிறது. 1931 செப்டம்பர் 16-ஆம் நாள் இரவு அங்கே அடைபட்டிருந்த தேசபக்தர்கள்மீது காவலர் சுட்டதில் சந்தோஷ் குமார் மித்ராவும் தாரகேஸ்வர் சென்குப்தாவும் உயிர் துறந்தனர். சுதந்திரத்துக்குப் பின், 1951-இல், நாட்டின் முதல் ஐ.ஐ.டி. அந்தக் கட்டிடத்தில்தான் ஆரம்பமாயிற்று. நம் பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணாக மட்டுமே தெரிந்த அந்த நிறுவனத்தின் வாசலை அடைய, எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிஷம் பெடல் மிதித்தால் போதும்.

இரண்டாம் மாதம் கங்ஸாவதி நதியைக் கடந்தேன். கரக்பூருக்கும் மேதினிப்பூருக்கும் இடையே ஓடும் இந்நதி, மழைக்காலத்தில் கரை நிறைந்தும் மற்ற நாளில் மணல் விரித்தும் கிடப்பதைப் பார்க்கையில் நம் ஊர் ஆறுகளின் ஞாபகம் வராமல் போகாது. மேதினிப்பூர் நகரைத் தாண்டி வடக்கே சென்று, பிரதான சாலையை விட்டுச் செம்மண் பாதையில் திரும்பினால் கர்ணகட் வருகிறது. மகாமாயை கோயில் கொண்டிருக்கும் அவ்விடம், இராணி சிரோமணியின் கோட்டை இருந்த இடம். பரம்பரை நிலத்தைப் பறிகொடுத்த குடிபடைகள் கம்பெனியாரை எதிர்த்துக் கிளர்ந்தபோது அவர்களுக்குத் துணை நின்றாள் என்று அந்த அம்மையை 1799-இல் சிறைப்பிடித்தார்கள். அதே 1799-இல்தான், அக்டோபர் மாதம், கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். இவ்வூர்க் குழந்தைகளுக்குக் கட்டபொம்மனைத் தெரியாது. நம் குழந்தைகளுக்குச் சிரோமணியைத் தெரியாது. இரண்டையும் அறியக்கூடிய இடத்தில் நம் குழந்தைகள் வளர்கிறார்கள் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

பயிற்சியின் கணக்கு எளிது. ஒவ்வொரு வாரமும் ஞாயிற்றுக்கிழமைத் தூரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டுவதில்லை. நான்காவது வாரம் தூரத்தைப் பாதியாகக் குறைத்து உடம்புக்கு ஓய்வு தருகிறேன்; தசை வலுப்படுவது ஓய்வில்தான். ஒரு மணிக்கு மேல் ஓடினால் உணவு வேண்டும். ஒரு வாழைப்பழமும் ஒரு கடலை மிட்டாயும் ஒரு மணி நேரத்துக்குப் போதுமானவை. தண்ணீர்ப் போத்தலில் சிட்டிகை உப்பும் எலுமிச்சையும். குளிர்காலத்தில் இங்கே ஈச்சமரத்திலிருந்து இறக்கும் புதுவெல்லம் கிடைக்கும். அதைப் பொரியுடன் சேர்த்து வழியோரக் கடையில் தருகிறார்கள். என் மனைவி அதையே உருண்டை பிடித்துக் கட்டிக்கொடுக்கத் தொடங்கிவிட்டாள்.

மூன்றாம் மாதம் சால மரக் காடுகளுக்குள் சென்றேன். சால்போனியை ரூபாய் நோட்டு அச்சிடும் ஊர் என்று அன்பர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதற்கு வடக்கே ஆராபாரிக் காடு. 1970 வாக்கில் இக்காடு வெட்டுண்டு அழிந்துகொண்டிருந்தது. 1972-இல் அஜித் குமார் பானர்ஜி என்ற வன அதிகாரி, சுற்றியிருந்த பதினொரு கிராமத்தாரையே காவலர்களாக்கி, வெட்டும் மரத்தின் வருமானத்தில் நான்கில் ஒரு பங்கு அவர்களுக்கு உண்டு என்று ஏற்பாடு செய்தார். அடிமரத்திலிருந்து சாலம் மீண்டும் துளிர்த்தது. பிற்காலத்தில் நாடெங்கும் பரவிய கூட்டு வன நிர்வாகத்துக்கு இதுவே முன்மாதிரி ஆயிற்று. இன்று அந்நிழலில் சைக்கிள் ஓட்டுகையில், சந்தாலப் பெண்கள் சால இலையைத் தைத்துத் தட்டாக்குவதைக் காணலாம். நெல் விளையும் பருவத்தில் தல்மா மலைப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் இங்கே வருவதுண்டு. ஆதலால் விடியுமுன் காட்டுக்குள் நுழையக் கூடாது. கிராமத்தார் ‘போகாதே’ என்றால் பயிற்சியை அன்றைக்கு விட்டுவிட வேண்டும்.

சென்ற மாதம் கட்பேட்டா வரையில், சுமார் 60 கிலோமீட்டர் சென்று, சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்து ரயிலில் திரும்பினேன். அங்கே சிலாவதி நதிக்கரையில் கங்கனி என்னுமிடத்தில், மழைநீர் செம்மேட்டை அரித்து அரித்துக் கோபுரங்களும் குகைகளும் தூண்களுமாகச் செதுக்கி வைத்திருக்கிறது. பீமனும் பகாசுரனும் போர் புரிந்த இடம் என்பது ஊரார் நம்பிக்கை. சாயங்கால வெயிலில் அச்செம்மையைப் பார்த்தவர் அந்நம்பிக்கையைச் சுலபமாக மறுக்கமாட்டார்.

ஆனால் அன்று என் மனத்தில் நின்றது அந்தக் காட்சி அன்று. போகும் வழியில் ஒரு கிராமத்தில் தண்ணீர் கேட்டு நின்றேன். என் கோலத்தைப் பார்த்து, எதற்காக வந்தேன் என்று ஒரு முதியவர் விசாரித்தார். நல்ல சரளைப் பாதையைத் தேடி வந்தேன் என்று எனக்குத் தெரிந்த வங்காளியில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ‘நாங்கள் பத்து வருஷமாகத் தார் கேட்டு மனுப் போடுகிறோம், பாபு’ என்றார். மழைக்காலத்தில் பிரசவத்துக்குச் செல்லும் பெண்ணைக் கட்டிலோடு தூக்கிப் பெரிய சாலை வரையில் நடந்த கதையையும் சொன்னார்.

அன்பர்களே, இதை நாம் மறைக்கக் கூடாது. டஸ்கனியில் செல்வமுள்ள மக்கள் தம் பழைய சாலையைக் காக்க விழா எடுக்கிறார்கள். அது அவர்கள் விருப்பம். இங்கே மண் பாதை என்பது இல்லாமையின் அடையாளம். 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தால் எத்தனையோ ஊர்களுக்குத் தார் வந்துவிட்டது. இவ்வூருக்கும் வரட்டும். வந்தால் என் பயிற்சிப் பாதையில் ஆறு கிலோமீட்டர் போய்விடும். அதற்காக நான் வருந்தினால், பன்னிரண்டு ஆண்டுகள் இந்த மண்ணில் உண்டு வாழ்ந்தும் இன்னும் பிரயாணியாகவே இருக்கிறேன் என்றுதான் பொருள். விளையாட்டுக்கு வயல் வரப்பும், காட்டுத் தடமும், கால்வாய்க் கரையும் எந்நாளும் மிச்சம் இருக்கும்.

மாற்றல் உத்தரவு எப்போது வரும் என்று எண்ணியே நம் குடும்பங்கள் பல காலத்தைக் கழிக்கின்றன. இருக்கும் ஊரை அறிவதற்கு மாற்றல் வரும்வரை உள்ள நாள்கள் போதும். தை ஓட்டத்தில் எனக்கு முந்தி வரப் பல வாலிபர்கள் உண்டு; மாலைக்குள் 75 கிலோமீட்டரை முடித்துவிட்டால் எனக்குத் திருப்தி. வைத்தியர் பார்த்த சர்க்கரைக் கணக்கும் சற்று இறங்கியிருக்கிறது.

மார்கழி மாதத்து ஞாயிறுகளில் காலை ஏழு மணிக்கு, குழந்தைகளுடன் ஹிஜ்லி வரையில் சென்று திரும்புவதாக உத்தேசம். விசேஷச் சைக்கிள் தேவையில்லை. வீட்டிலுள்ள சாதாரணச் சைக்கிளில் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டு வந்தால் போதும். கல்கத்தா அன்பர்கள் முதல்நாள் மாலை வண்டியில் வந்து சேரலாம். கர்ணகட்டுக்கு வர விரும்புவோர் முன்கூட்டியே தெரிவித்தால், பொரி உருண்டைகளைக் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லி வைப்பேன்.