வேலைநாள் சமையல்: அல்சாஸ் வைன் சாலையில் வடக்கிலிருந்து தெற்கே

ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து மேற்கே சுமார் இருபது கிலோமீட்டரில் மார்லென்ஹைம் என்ற ஊர். பிரான்சின் கிழக்கு விளிம்பில், வோஜ் மலையின் அடிவாரத்தை ஒட்டித் தெற்கே 170 கிலோமீட்டர் போகும் அல்சாஸ் வைன் சாலை இங்கேதான் தொடங்குகிறது. 1953இல் திறந்தார்கள். புதிதாகப் போட்ட சாலை அல்ல. ஊருக்கு ஊர் ஏற்கெனவே இருந்த வழிகளைக் கோத்து, பலகை நட்டு, ஒரு பெயர் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

இந்த வழியில் வருகிறவர்கள் பெரும்பாலும் வைனைப் பற்றியே பேசுவார்கள். என் கவனம் சாப்பாட்டு மேசைகளின் மேல். இங்குள்ள பழைய உணவகங்களின் பட்டியலில் இருப்பது அரண்மனைச் சமையல் அல்ல, விருந்துச் சமையலும் அல்ல. தோட்டத்திலும் துவைக்கும் துறையிலும் ரொட்டி அடுப்படியிலும் கை ஓயாத நாட்களில், அடுப்பருகே நிற்க நேரமில்லாத பெண்கள் வகுத்துக்கொண்ட சமையல். என்ன கிழமை, என்ன பருவம், என்ன வேலை என்று தெரிந்துகொண்டால் எந்த ஊரில் எதைக் கேட்பது என்பதும் தெரிந்துவிடும்.

மார்லென்ஹைம் கோக்கெர்ஸ்பெர்க் என்ற வயல் நாட்டின் ஓரத்தில் இருக்கிறது. அங்கே பண்ணை வீடுகளில் ரொட்டி சுடும் நாள் தனியாக உண்டு. விறகடுப்பு அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கும்போது ரொட்டியை உள்ளே வைத்தால் கருகிவிடும். சூட்டைப் பார்க்க, மிச்ச மாவைத் தாள்போல் தேய்த்து, மேலே கெட்டிப் பாலேடும் வெங்காயமும் உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டுகளும் தூவி உள்ளே தள்ளினார்கள். ஓரிரு நிமிடத்தில் விளிம்பு கருகி வெளியே வந்துவிடும். அதுதான் ஃபிளாமெகூஷ. இன்றும் பல உணவகங்களில் இது மாலையில் மட்டும்தான் கிடைக்கும். விறகடுப்பைப் பகலெல்லாம் எரிய விடுவது கட்டுப்படியாகாது. மரப்பலகையில் வைத்து மேசை நடுவில் கொண்டுவந்து வைப்பார்கள். வெட்டி, சுருட்டி, கையால் சாப்பிட வேண்டும். வீட்டில் கல்லிலிருந்து தோசை வருவதுபோல ஒன்று தீரும்போது அடுத்தது வரும். போதும் என்று நாம் சொல்லும்வரை நிற்காது. ஆளுக்கொன்று என்று தனித்தனியே கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கடைசித் துண்டு ஆறிப்போவதற்குள் தீர வேண்டிய பண்டம் இது. நாலு பேர் ஒன்றைப் பகிர்ந்தால்தான் அது நடக்கும்.

புகாட்டி கார்கள் பிறந்த மோல்சைமைக் கடந்தால் ஓபெர்னே. ஊர் அழகுதான். ஆனால் சாப்பாட்டுக்கு முக்கியமான இடம் அதற்குக் கிழக்கே சமவெளியில் இருக்கும் க்ரௌட்டெர்கெர்ஸைம். சுற்றிலும் முட்டைக்கோஸ் வயல்கள். ஒவ்வொரு கோஸும் பல கிலோ எடை. அதை இழை இழையாகச் சீவி, உப்பிட்டு, அழுத்தி மூடி வைத்தால் சில வாரங்களில் தானாகப் புளிக்கும். இதுவே ஷூக்ரூத். பனிக்காலத்தில் பச்சைக் காய்கறி கிடைக்காத குடும்பங்களை வசந்தம்வரை காப்பாற்றியது இந்தத் தொட்டிதான். உணவகத்தில் அதை வெள்ளை வைனும் ஜூனிப்பர் காய்களும் சேர்த்து மெதுவாக வேகவைத்து, மேலே தொத்திறைச்சிகளும் புகையூட்டிய பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கித் தருவார்கள். பலரும் இறைச்சிக் குவியலைப் பார்த்துவிட்டு உணவகத்தை மதிப்பிடுகிறார்கள். முதலில் கோஸை மட்டும் ஒரு வாய் எடுத்துப் பாருங்கள். நன்றாகச் சமைத்ததில் புளிப்பு இருக்கும், ஆனால் நாக்கைக் கடிக்காது. இழை மெத்தென்று இருக்கும், குழைந்திருக்காது. இலையுதிர் காலத்தின் முதல் ஷூக்ரூத் இளசாக, இலேசான புளிப்போடு இருக்கும். நாள் போகப் போகப் புளிப்பு ஏறும்.

பார் ஊரைத் தாண்டி மேட்டில் மித்தெல்பெர்கைம். இங்கே ஸோட்ஸென்பெர்க் என்ற சரிவு இருக்கிறது. அல்சாஸில் உயர்தர நிலம் என்று குறித்த 51 சரிவுகளில் இதுவும் ஒன்று. அந்தத் தகுதி வெகுகாலம் ரீஸ்லிங், கெவுர்ஸ்டிராமினர், பினோ கிரி, முஸ்கா என்ற நாலு திராட்சைகளுக்கே உரியதாக இருந்தது. ஸில்வானெர் அன்றாடக் குடிவகை என்று ஒதுக்கப்பட்டது. 2005இல்தான் இந்த ஒரு சரிவுக்கு மட்டும் அதற்கும் அந்த மரியாதை கிடைத்தது. எனக்கு அது பெரிய செய்தி. ஏனென்றால் வின்ஷ்டூப் எனப்படும் இந்தப் பகுதியின் பழைய உணவகங்கள் எல்லாம் அந்த அன்றாட வைனின் மேல் நின்றவை. திராட்சை விவசாயிகள் தங்கள் வைனை விற்கவென்று வைத்த சிறு அறைகள் அவை. கூடவே கொறிக்க ஏதாவது கொடுத்தார்கள். கொறித்தது சாப்பாடாக வளர்ந்தது. மரப்பலகை அடித்த சுவர், தாழ்ந்த கூரை, கட்டம் போட்ட மேசைத்துணி. ஒரு மேசை மட்டும் உள்ளூர் வாடிக்கையாளர்களுக்கு. அறை காலியாக இருந்தாலும் அதில் போய் உட்காரக் கூடாது. வைனைப் பாட்டிலில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. நீலப் பூ வரைந்த சாம்பல் நிற மண் குவளையில் கால் லிட்டர், அரை லிட்டர் என்று கேட்கலாம். குழாய்த் தண்ணீரும் ரொட்டியும் சாப்பாட்டோடு சேர்ந்தவை, தனி விலை கிடையாது. பரிமாறும் கூலியும் பட்டியல் விலைக்குள் அடக்கம். மதியம் பன்னிரண்டுக்குப் போய்விடுவது நல்லது. ஒன்றரைக்கு மேல் பல சமையலறைகள் மூடிவிடும்.

தம்பாக்-லா-வில், ஷாட்னுவா என்று தெற்கே போனால் மலை உச்சியில் ஓ-கோனிக்ஸ்பூர் கோட்டை தெரியும். பாழடைந்து கிடந்த அதை 1900 முதல் 1908 வரை புதுப்பித்துக் கட்டியவர் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம். அல்சாஸ் 1871 முதல் 1918 வரை ஜெர்மனியின் கையில் இருந்தது. 1940இல் மறுபடியும் போனது. இரு நாடுகளின் இந்தக் கலப்பு மேசையிலும் தெரியும்: அங்கே வைக்கும் பட்டியலில் பிரெஞ்சு வாக்கியங்களுக்கு நடுவே உணவின் பெயர் மட்டும் உள்ளூர் ஜெர்மானியப் பேச்சில் இருப்பதை எங்கும் பார்க்கலாம்.

ரிபோவில்லேயிலிருந்து சாலையை விட்டுக் கிழக்கே சில கிலோமீட்டர் விலகினால் ஈல் ஆற்றங்கரையில் இல்லௌஸெர்ன். மீனவர் ஊர். ஹேபெர்லின் குடும்பம் இங்கே ஆற்று மீனை ரீஸ்லிங் வைனில் வேகவைத்துத் தரும் சிறு சத்திரம் நடத்தியது. போரில் அது அழிந்தது. மீண்டும் கட்டியபின் அண்ணன் பால் சமையலறையையும் தம்பி ழான்-பியேர் விருந்தினர் கூடத்தையும் கவனித்தார்கள். 1967இல் ஓபெர்ஜ் த லீல் என்ற அந்த உணவகத்துக்கு மிஷ்லென் கையேட்டின் மூன்று நட்சத்திரம் கிடைத்தது, 2019வரை நிலைத்தது. அங்கே ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு பலருக்கும் எட்டாது. ஆனால் அக்கம்பக்கத்து எளிய உணவகங்களில் அதே மத்தெலோத், அதாவது விலாங்கு, பைக், பெர்ச் மீன்கள் ரீஸ்லிங்கில் வெந்து, பாலேடு சேர்ந்து, நூடுல்ஸோடு வருவது, எட்டும். நட்சத்திரம் வாங்கிய சமையலின் வேர் அதில்தான் இருக்கிறது.

ரீக்விர் போரில் தப்பிய ஊர். அந்தப் பழைய வீடுகளைப் பார்க்க வரும் கூட்டத்தில், முக்கியமாக டிசம்பர் கிறிஸ்துமஸ் சந்தை நாட்களில், நல்ல சாப்பாடு கிடைப்பது கடினம். அடுத்த ஊர்கள் தப்பவில்லை. 1944 டிசம்பருக்கும் 1945 பிப்ரவரிக்கும் நடுவே கொல்மாரைச் சுற்றி நடந்த சண்டையில் மித்தெல்விர், பென்விர், சிகோல்சைம், அமெர்ஷ்விர் எல்லாம் இடிந்து விழுந்தன. அங்கே தெருக்கள் அகலம், வீடுகள் புதியவை, மரச்சட்ட அழகு இல்லை. அதனால் சுற்றுலாப் பயணிகள் நிற்பதில்லை. நிற்க வேண்டும் என்பேன். பக்கத்து மேசையில் கொடியை வெட்டிவிட்டு வந்தவர்கள் இருப்பது இந்த ஊர்களில்தான்.

கெய்சர்ஸ்பெர்க்கில் பெக்கஓஃபே சாப்பிடுங்கள். திங்கட்கிழமை துவைக்கும் நாள். ஊர்ப் பெண்கள் பகல் முழுக்கத் துறையில் இருப்பார்கள். முந்தின இரவே மாடு, பன்றி, ஆடு மூன்று இறைச்சியையும் வெள்ளை வைனிலும் மூலிகையிலும் ஊறப்போட்டு, காலையில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் மாற்றி மாற்றி அடுக்கி, சூஃப்லென்ஹைம் குயவர்களின் முட்டை வடிவ மண்சட்டியில் நிரப்பி, மூடியைச் சுற்றி மாவுத்திரி ஒட்டி, துறைக்குப் போகும் வழியில் ரொட்டிக்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். ரொட்டி எடுத்தபின் தணிந்துகொண்டிருக்கும் அடுப்பில் அது மணிக்கணக்கில் கிடக்கும். இன்று உணவகத்தில் ஒருநாள் முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும். உடனே தருகிறோம் என்றால் சந்தேகப்படுங்கள். மாவுத்திரியை மேசையிலேயே உடைப்பார்கள். முதல் ஆவி வைன் மணத்தோடு எழும். அடியில் சாறு ஊறிய கிழங்கைத் தோண்டி எடுக்க வேண்டும்; எனக்கு இறைச்சியைவிட அதுதான் பிடிக்கும்.

துர்க்ஹைமிலிருந்து மேற்கே மன்ஸ்டேர் பள்ளத்தாக்கு திறக்கிறது. கோடையில் மலைமேல் மாடு மேய்ப்பவர்களின் பண்ணை உணவகங்கள் அங்கே இருக்கின்றன. அங்கே செய்யும் மன்ஸ்டேர் பாலாடைக்கட்டியின் மணம் கடுமையானது, சுவை அவ்வளவு கடுமை அல்ல; சீமைச் சோம்பு தூவித் தருவார்கள். சைவம் சாப்பிடுவோருக்கு இந்தச் சாலையில் பெரிய ஆதரவு பிபெலெஸ்கேஸ்: பூண்டும் பச்சை வெங்காயமும் கலந்த புதிய தயிர்க்கட்டி, பக்கத்தில் மொறுமொறுவென வறுத்த உருளைக்கிழங்கு. பன்றி இறைச்சித் துண்டு போட வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

அக்டோபரில் எகிஷைம் வந்தால், புளித்துக்கொண்டிருக்கும் கலங்கலான புதுவைனும் புது அக்ரூட் கொட்டையும் ரொட்டியும் கிடைக்கும். சில வாரங்களுக்கு மட்டும். ரூஃபாக், கெப்வில்லேர் வழியாகச் சாலை நீளுகிறது; உணவகங்கள் குறைகின்றன.

கடைசி ஊர் டான். ஊருக்கு மேலே ரான்கென் என்ற எரிமலைப் பாறைச் சரிவு. டிராக்டர் ஏற முடியாத அளவு செங்குத்து. கையாலும் இழுவைக் கயிற்றாலும்தான் வேலை. அதன் வைன் விலை அதிகம். கீழே ஊர் உணவகங்களில் கிடைக்கும் ஃபிளைஷ்ஷ்னாகாவோ ஞாயிற்றுக்கிழமை வேகவைத்த மாட்டிறைச்சியின் மிச்சம்: அதைக் கொத்தி, முட்டை மாவுத் தகட்டில் பரப்பிச் சுருட்டி, நத்தை ஓடுபோல் வில்லைகளாக வெட்டி, இரு பக்கமும் சிவக்க வறுத்து, இறைச்சிச் சாற்றில் கொதிக்கவிடுவார்கள். அதற்கு ஒரு கிளாஸ் ரான்கென் பினோ கிரி கேளுங்கள். மிச்சத்தை வைத்துச் செய்த தட்டுக்கு இவ்வளவு விலையுள்ள கிளாஸா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். செங்குத்துச் சரிவில் முதுகு வளைத்தவர்கள் வீட்டில் திங்கட்கிழமை வெந்தது அதுதான். கூட வரும் பச்சிலை சாலட்டைத் தள்ளிவைக்காமல், வில்லையின் சாற்றில் தொட்டுச் சாப்பிடுங்கள்.