தொட்டுச்சு, சுத்து!

மந்தைவெளியில எங்க வீட்டு மொட்டை மாடியில நின்னா கடல் தெரியாது. ஆனா மத்தியானம் ஒரு மணிக்கு மேல அதோட காத்து வந்துடும். பட்டினப்பாக்கம் கடற்கரை எங்க வீட்டுல இருந்து ஒன்றரை கிலோமீட்டர்தான். இவ்வளவு பக்கத்துல இருந்தும் பதினெட்டு வயசு வரைக்கும் நான் கடல்ல முழங்கால் அளவுக்கு மேல இறங்கினதே இல்லை. அதுக்குக் காரணம் இருக்கு, சொல்றேன்.

முதல்ல ஒரு மன்னிப்பு. பன்னிரண்டாவது வரைக்கும் எல்லாத்தையும் இங்கிலீஷ்ல படிச்சவன் நான். தமிழ்ல எழுதினதெல்லாம் செகண்ட் லாங்குவேஜ் பரீட்சையில ரெண்டு பக்கக் கட்டுரைதான். அதனால ஒற்றுப்பிழை கண்ல பட்டா எடிட்டர் டீமைத் திட்டுங்க, என்னை விட்டுடுங்க. நான் சொல்ல வந்தது வேற ஒரு பிழையைப் பத்தி.

நான் பாய்மரப் படகு ஓட்டுறேன். ரெண்டாவது வருஷத்துல இருந்து பாதி ஞாயிற்றுக்கிழமை காணாமப் போறது அதுக்காகத்தான். காலையில மந்தைவெளி ஸ்டேஷன்ல பறக்கும் ரயில் ஏறி, பீச் ஸ்டேஷன்ல இறங்கி, துறைமுக கேட்ல பாஸைக் காட்டிட்டு உள்ளே போனா கிளப். "யாட் கிளப்பா? நீ என்ன அம்பானி வீட்டுப் பையனா?"ன்னு கேட்காதீங்க. நாங்க ஓட்டுறது கிளப்போட பழைய படகு. வாடகையை ரெண்டு பேரும் பாதி பாதி போட்டுக்குவோம். பாய்ல கிழிசலுக்கு மேல ஒட்டின டேப்பைக் கழிச்சா ஒரு கைக்குட்டைக்குத்தான் துணி தேறும்.

சென்னையில இது புது விளையாட்டு இல்லை. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-ல ஆரம்பிச்சது. ஆரம்பிச்சவர் அப்போ துறைமுகத்தோட தலைவரா இருந்த சர் பிரான்சிஸ் ஸ்ப்ரிங். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில 49இஆர் படகுல வெண்கலம் வாங்கின வருண் தக்கர் - கே.சி.கணபதி ஜோடி சென்னைப் பசங்க. ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்மரப் படகு வீராங்கனை நேத்ரா குமணனும் நம்ம ஊர்தான். நம்ம காலேஜ்ல பத்துப் பேரைக் கேட்டா ஒருத்தருக்குக்கூட இது தெரியாதுங்கிறது வேற விஷயம்.

எங்க படகு பேரு 420. நீளம் 4.2 மீட்டர், அதான் அந்தப் பேரு. ரெண்டே பேர். பின்னாடி உட்கார்ந்து சுக்கானையும் பெரிய பாயையும் பிடிக்கிறவன் ஹெல்ம், அது நான். முன்னாடி சின்னப் பாயைப் பார்த்துக்கிட்டு, காத்து ஏறினா இடுப்புல கம்பியை மாட்டிக்கிட்டு படகுக்கு வெளியே தண்ணிக்கு மேல தொங்குறவன் க்ரூ. அது என் கிளாஸ்மேட், பட்டினப்பாக்கத்துப் பையன். அவன் பேரைப் போடக்கூடாதுன்னு சொல்லிட்டான். "உன் கட்டுரையில நான் கெஸ்ட் ரோல்தான்"னான். படிச்சு முடிச்சதும் யார் கெஸ்ட்னு நீங்களே சொல்லுங்க.

காத்து எதிர்ல இருந்து வந்தா படகு எப்படிப் போகும்? எல்லாரும் கேட்கிற கேள்வி இது. நேரா போகாது. காத்துக்குச் சுமார் 45 டிகிரி சாய்வா இந்தப் பக்கம் கொஞ்சம், திரும்பி அந்தப் பக்கம் கொஞ்சம்னு வளைஞ்சு வளைஞ்சு ஏறணும். பாய் விமானத்தோட இறக்கை மாதிரி வேலை செய்யும். அது படகைப் பக்கவாட்டுலயும் தள்ளும். அடியில இருக்கிற செண்டர்போர்டு அந்தத் தள்ளலைத் தடுக்கும், மிச்சம் இருக்கிற விசை முன்னாடி இழுக்கும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர் வெச்ச எனக்கு லிஃப்ட், ட்ராக் ரெண்டும் புரிஞ்சது தண்ணியிலதான்.

ஆனா காத்தையே படிக்கக் கத்துக்கிட்டது வேற இடத்துல. என் பார்ட்னரோட தாத்தா கட்டுமரத்துல மீன் பிடிச்சவர். மேற்கில இருந்து வந்தா கச்சான், கிழக்கில இருந்து வந்தா கொண்டல், வடக்கில இருந்து வந்தா வாடைன்னு அவருக்கு ஒவ்வொரு காத்துக்கும் ஒரு பேர் உண்டு. தண்ணி தெற்கில இருந்து வடக்கே ஓடினா தெண்டி, வடக்கில இருந்து தெற்கே ஓடினா வன்னி. நாங்க ஆப்பைப் பார்த்து "கரண்ட் நார்த்தர்லி"ன்னு பேசிக்கிட்டு இருந்தா, இவன் தண்ணியைப் பார்த்துட்டு "தெண்டி ஓடுது மச்சி, மிதவைக்குக் கொஞ்சம் தெற்காவே பிடி"ன்னு முடிச்சுடுவான். லைட் ஹவுஸையும் சாந்தோம் சர்ச் கோபுரத்தையும் கண்ணால ஒரே கோட்டுல வெச்சு, கடல்ல தான் எங்கே நிக்கிறோம்னு கண்டுபிடிக்கிறதையும் அந்தத் தாத்தாதான் சொல்லிக் கொடுத்தார். கிளப்ல அதுக்கு 'ட்ரான்சிட்'னு பேரு.

இப்போ அம்மா விஷயம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அஞ்சு மாசம். ஞாயிறு காலையில அப்பாவும் அம்மாவும் என்னைத் தூக்கிக்கிட்டுக் கடற்கரைக்கு நடந்து போறது வழக்கமாம். அன்னைக்கு எனக்குக் காய்ச்சல், போகலை. அவ்வளவுதான் கதை. அந்த ஒரு காய்ச்சலை அம்மா இருபது வருஷமா மறக்கலை. அதனாலதான் கடல்னா முழங்கால். நான் கிளப்ல சேர்ந்தப்போ வீட்டுல சொன்ன பொய் "ப்ராஜெக்ட் ஒர்க்". மூணாவது மாசம் துவைக்கப் போட்ட பேன்ட் பாக்கெட்ல இருந்து உப்பும் கயிறும் வந்து மாட்டிக்கிட்டேன். அம்மா கத்தலை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "உன்கூட வர்ற பையன் நம்பிக்கையான பையனா?" ஆமான்னேன். அவன் வீட்டுல போய் அவன் அம்மா இதே கேள்வியை என்னைப் பத்திக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பான்னு அப்போ யோசிக்கலை. போன செப்டம்பர்ல யோசிக்க வேண்டி வந்தது.

கிளப் ரேஸ். ஒன்பது படகு. காத்து நல்லா தென்கிழக்கா ஏறியிருந்தது. மேல் மிதவையை இடது பக்கமா விட்டுச் சுத்தணும். நாங்க நாலாவது. மூணாவது படகு ரெண்டு படகு நீளத்துல முன்னாடி. நான் ரொம்ப ஒட்டிச் சுத்தினேன். பாயைத் தளர்த்தினதும் பூம் வெளியே போய், மிதவையில 'டப்'புன்னு லேசா உரசுச்சு. கையில இருந்த கயிறு வழியா எனக்கே தெரிஞ்சது.

இந்த விளையாட்டுல தண்ணிக்கு நடுவுல நின்னு விசில் ஊதுற ரெஃபரி கிடையாது. எங்க கிளப் ரேஸ் மாதிரி போட்டிகள்ல தப்பு பண்ணினவனே தண்டனையை எடுத்துக்கணும். மிதவையைத் தொட்டா, ஒதுங்கிப் போய் ஒரு முழு சுத்து சுத்திட்டு வரணும். சுத்தலைன்னா போட்டியை விட்டு விலகணும். ஒரு சுத்துக்கு எங்களுக்கு ரெண்டு இடமாவது போயிருக்கும்.

கம்பியில தொங்கிக்கிட்டே அவன் சொன்னான்: "தொட்டுச்சு, சுத்து!"

எனக்குக் கேட்டுச்சு. கேட்காத மாதிரி நேரா பார்த்து ஓட்டினேன். பின்னாடி வந்த படகுக்கு எங்க பாய் மறைச்சது, யாரும் பார்க்கலை. கடைசி லெக்ல ஒரு படகைத் தாண்டினோம். மூணாவது இடம். எங்க ரெண்டு பேரோட முதல் மூணாவது இடம்.

கரைக்கு வந்ததும் வழக்கம்போல எல்லாரும் எல்லார் படகையும் ரேம்ப்ல இழுத்தாங்க. இது கிளப்ல எழுதாத சட்டம். உன் படகு மேல வந்துடுச்சுன்னு நீ டீ குடிக்கப் போக முடியாது, கடைசிப் படகு ஏறுற வரைக்கும் கை கொடுக்கணும். நாலாவதா வந்த அங்கிள் ரெண்டு பேரும் (ஒருத்தர் டாக்டர், ஒருத்தர் பேங்க்ல ரிட்டையர் ஆனவர்) வந்து என் முதுகுல தட்டி, "சூப்பர்டா தம்பி"ன்னாங்க. அந்தத் தட்டு வலிச்சது.

என் பார்ட்னர் ஜிப்பைச் சுருட்டிக்கிட்டே மெதுவா சொன்னான்: "மச்சி, மூணாவது இடமெல்லாம் எனக்கு மேட்டரே இல்லை. நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சு. நாளைக்கு வெளிய பெரிய அலையில நான் 'குனி'ன்னு கத்தினா, அதையும் உனக்கு வேணும்னாதான் கேட்பியா?"

அவன் திரும்பக் கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். அவன் பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். ரயில்ல தனியா வந்தேன்.

அந்த வாரம் பிளேஸ்மென்ட் இன்டர்வியூ வேற. எச்.ஆர். கேட்ட கேள்வி, "நீங்க டீம் பிளேயரா? உதாரணம் சொல்லுங்க." நான் கூசாம பாய்மரப் படகைச் சொன்னேன். ரெண்டு பேர், ஒரே படகு, பரஸ்பர நம்பிக்கைன்னு அழகா வந்தது. அவங்க தலையாட்டி எழுதிக்கிட்டாங்க. வெளியே வந்து கேன்டீன்ல உட்கார்ந்தப்போ சாப்பாடு இறங்கலை. அவன் அதே கேன்டீன்ல மூணு டேபிள் தள்ளி உட்கார்ந்திருந்தான்.

எங்க பக்கத்து ஊரான புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா, கோழிக்கோட்டு தில்னா, இவங்க ரெண்டு பேரைப் பத்தி அப்போ நிறைய நினைச்சேன். 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவுல இருந்து தாரிணிங்கிற பாய்மரப் படகுல ரெண்டே பேரா கிளம்பி, உலகத்தைச் சுத்தி 2025 மே 29-ல திரும்பி வந்தாங்க. 25,000 கடல்மைலுக்கு மேல. ஒருத்தி தூங்கும்போது இன்னொருத்தி முழுப் படகையும் பார்த்துக்கணும். அலையைவிடப் பெரிய விஷயம் அந்தத் தூக்கம்தான்னு எனக்குத் தோணுச்சு. விழிச்சிருக்கிறவ சரியாப் பார்த்துக்குவான்னு நம்பினாத்தானே கண்ணை மூட முடியும்? நான் ஒரு பிளாஸ்டிக் மிதவை விஷயத்துலயே அந்த நம்பிக்கையைக் கெடுத்துட்டேன்.

எங்க கோச் அடிக்கடி சொல்ற ஒரு கதையும் ஞாபகம் வந்தது. 1988 சியோல் ஒலிம்பிக், பாய்மரப் போட்டி பூசான்ல. கனடாக்காரர் லாரன்ஸ் லெமியூ ரெண்டாவது இடத்துல போய்க்கிட்டு இருக்கார். பக்கத்துல வேற ஒரு ரேஸ்ல சிங்கப்பூர்ப் படகு கவிழ்ந்து ரெண்டு பேர் தத்தளிக்கிறாங்க. இவர் தன் ரேஸை விட்டுட்டுப் போய் அவங்களைக் காப்பாத்தினார். முடிக்கும்போது 22-ஆவது. நடுவர் குழு அவருக்கு அந்த ரேஸ்ல ரெண்டாவது இடத்தையே கொடுத்தது, பதக்கம் மட்டும் கிடைக்கலை. ஆபத்துல இருக்கிறவங்களுக்கு உதவணும்ங்கிறது எங்க விதிப்புத்தகத்துல முதல் விதி. அவர் யாருக்காகவோ இருபது இடத்தை விட்டவர். நான் ரெண்டு இடத்துக்காகச் செவிடனானவன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ரேஸ் செக்ரட்டரிக்கு மெசேஜ் போட்டேன்: "சார், ஞாயித்துக்கிழமை மேல் மிதவையைத் தொட்டேன். பெனால்டி எடுக்கலை. எங்களை ரேஸ்ல இருந்து எடுத்துடுங்க." பத்து நிமிஷம் கழிச்சு பதில் வந்தது: "ஓகே. நன்றி." அவ்வளவுதான். முடிவுப் பட்டியல்ல எங்க பேருக்கு நேரா 3 போய், விலகினவங்களுக்கான 10 வந்துச்சு. இந்த விளையாட்டுல பாயிண்ட் குறைவா இருக்கிறவன்தான் ஜெயிப்பான். சீரிஸ்ல நாங்க அடியில இருந்து ரெண்டாவது.

அடுத்த ஞாயிறு ரயில்ல ஏறும்போது அவன் வருவானான்னே தெரியாது. கிளப் வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தான். "லிஸ்ட் பார்த்தேன்"னான். "ம்"னேன். "டேப் வாங்கிட்டு வந்தியா?"ன்னான். சமாதானப் பேச்சுவார்த்தை முடிஞ்சது.

உள்ளே போனா அந்த ரெண்டு அங்கிளும். இப்போ அவங்கதான் மூணாவது. டாக்டர் அங்கிள் என்னைப் பார்த்து முறைச்சுட்டு, "தம்பி, முப்பது வருஷம் முன்னாடி நானும் ஒரு மிதவையைத் தொட்டேன். இன்னும் சொல்லலை. நீ இப்படிப் பண்ணினா நாங்க எப்படித் தூங்குறது?"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. அவர் மட்டும் ரொம்ப நேரம் சிரிக்கலை. டீ, பஜ்ஜி செலவு அவரோடது.

இது என் கடைசி வருஷம். வேலை கிடைச்சாச்சு, புனேவுல. வரைபடத்துல பார்த்தேன், கடல் ரொம்ப தூரம். இவன் இங்கேயே இருக்கான். ஜூனியர் ஒருத்தனை ஹெல்ம்ல உட்கார வெச்சுப் பழக்கிக்கிட்டு இருக்கான். கரையில நின்னு பார்க்க எனக்குப் பொறாமையாத்தான் இருக்கு. அந்த ஜூனியர்கிட்ட நான் சொன்ன டிப்ஸ் ஒண்ணே ஒண்ணு: முன்னாடி இருக்கிறவன் சொன்னா, காதுல விழுந்த உடனே செய்.

உங்களுக்கும் ஆசை இருந்தா வாங்க. நீச்சல் தெரிஞ்சா நல்லது, லைஃப் ஜாக்கெட் கட்டாயம். முதல் நாளே கவிழ்ப்பீங்க. ஒருத்தர் செண்டர்போர்டு மேல ஏறி நின்னு இழுக்கணும், இன்னொருத்தர் உள்பக்கம் படுத்துக்கணும், படகு நிமிரும்போது அவரை அள்ளிக்கிட்டு வந்துடும். தனியா நிமிர்த்தலாம், ஆனா ரெண்டு பேர் இருந்தா சீக்கிரம் நிமிரும்.

போன ஞாயிறு நான் தூங்கிக்கிட்டு இருந்தேன். அம்மா மொட்டை மாடியில துணி காயப்போட்டுட்டு இறங்கி வந்து கதவைத் தட்டினாங்க. "டேய், காத்து தென்கிழக்கா திரும்பிடுச்சு. துணியெல்லாம் அந்தப் பக்கம் பறக்குது. நீ இன்னும் கிளம்பலையா?"