பாதை முடியும் இடத்தில் ஒரு வண்டி

ஆம்பூர் என்றதும் வெளியூர் அன்பர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சீரகச் சம்பாப் பிரியாணி. அடுத்து வருபவை தோலும் காலணியும். இவ்வூருக்கு மூன்றாவது சிறப்பொன்றும் உண்டு. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் விரைந்து செல்வோர் அதைக் கண்ணால் கண்டும் கருத்தில் கொள்வதில்லை. அதுதான் மலை. தெற்கே ஜவ்வாது மலைத்தொடர்; வடக்கே ஆந்திர எல்லையை ஒட்டிய மலைகள். இரண்டுக்கும் நடுவே பாலாறும், இருப்புப் பாதையும், நெடுஞ்சாலையும், ஊரும் ஒன்றையொன்று நெருக்கியபடி அமைந்திருக்கின்றன.

இந்த நெருக்கமே ஆம்பூருக்கு வரலாற்றில் ஓரிடம் பெற்றுத் தந்தது. மைசூர்ப் பக்கமிருந்து கர்நாடகச் சமவெளிக்கு இறங்கும் முக்கிய வழிகளுள் ஒன்று இந்தக் கணவாய். அதனாற்றான் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் தம் படையுடன் இங்கு வந்து வழிமறித்து நின்றார். சந்தா சாகிபும் முஸபர் ஜங்கும் பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு வந்தனர். 1749-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3-ஆம் நாள் நடந்த போரில், யானைமீது அமர்ந்து போரிட்ட முதிய நவாப் உயிர் துறந்தார். பாதை யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் நாடு என்பது அந்தக் காலத்து நிலை.

இன்று கணவாயைக் கடக்க யானை தேவையில்லை. ஆயினும் மலை நம் இளைஞர்களை அழைத்துக்கொண்டேதான் இருக்கிறது. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், இப்போது தோல் நிறுவனமொன்றில் பொறுப்பான பணியில் இருக்கிறார். நாள்தோறும் பேர்ணாம்பட்டுக்குச் சென்று வருகிறார். மிட்டாளம் பக்கம் அவருடைய மாமனாருக்குச் சிறு தோப்பு ஒன்று உண்டு. அவர் ஒருநாள் என்னிடம் வந்து, “ஹஜ்ரத், சின்ன ஜீப் ஒன்று வாங்கலாமென்று எண்ணுகிறேன். வாரம் முழுதும் வேலைக்கு ஆகும். ஞாயிற்றுக்கிழமை மலைக்கும் ஆகும். இது தேவையா, வீண் செலவா?” என்று கேட்டார்.

வாசகர்களே, இக்கேள்வி அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. உங்கள் இல்லத்திலும் ஒரு மகனோ மருமகனோ இதைக் கேட்டிருக்கலாம். ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஜீப்பின் வரலாற்றில் ஒரு முகம்மது

ஜீப் போருக்காகப் பிறந்த வண்டி. 1940-இல் அமெரிக்க இராணுவம் கேட்டுக்கொண்டதற்கிணங்க முதல் மாதிரி உருவாயிற்று. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன.

நம் நாட்டில் ஜீப் என்றதும் மகிந்திரா என்ற பெயர் நினைவுக்கு வரும். அந்நிறுவனம் 1945 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பட்டபோது அதன் பெயர் ‘மகிந்திரா அண்ட் முகம்மது’ என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். மகிந்திரா சகோதரர் இருவருடன் கூட்டுச் சேர்ந்தவர் மாலிக் குலாம் முகம்மது, அலிகரில் பயின்றவர். எஃகு வாணிகத்தில் தொடங்கிய கூட்டு அது. 1947-இல் நாடு பிரிந்தது. குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குச் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1951-இல் கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948-இல் நிறுவனத்தின் பெயர் ‘மகிந்திரா அண்ட் மகிந்திரா’ என்று மாறிற்று. அந்நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பொருத்தித் தந்தது. அந்த வழியில் வந்ததே இன்றைய ‘தார்’. அதன் இரண்டாம் தலைமுறை வண்டி, நிறுவனம் தொடங்கிய 75-ஆவது ஆண்டு நிறைவு நாளான 2020 அக்டோபர் 2-இல் விற்பனைக்கு வந்தது.

மற்றொரு கிளை ஜப்பானிலிருந்து வந்தது. சுசுகி நிறுவனம் 1970-இல் 359 சிசி எஞ்சின் பொருத்திய மிகச் சிறிய ஜீப் ஒன்றை வெளியிட்டது. அதுவே முதல் ‘ஜிம்னி’. அதன் வழிவந்த ‘மாருதி ஜிப்ஸி’ 1985 இறுதியில் நம் நாட்டுக்கு வந்து, இராணுவத்துக்கும் காவல்துறைக்கும் முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்தது. ஐந்து கதவுகள் கொண்ட ஜிம்னி 2023 ஜூன் மாதம் இங்கு விற்பனைக்கு வந்தது. அப்போது அதன் தொடக்க விலை 12 இலட்சத்து 74 ஆயிரம் ரூபாய்.

நான்கு தோள்கள்

சாதாரணக் கார்களில் எஞ்சினின் விசை இரண்டு சக்கரங்களுக்கே செல்கிறது. மற்ற இரண்டும் உடன் உருள்பவை. நால்வர் தூக்கவேண்டிய சுமையை இருவர் மட்டும் இழுக்க, மற்ற இருவர் வெறுமனே கூட நடப்பதை எண்ணிப் பாருங்கள். சமதரையில் அது போதும். சேற்றில் முன்னவர் இருவரின் கால் வழுக்கினால் சுமை அங்கேயே நின்றுவிடும். நான்கு சக்கர இயக்கம் என்பது நால்வரும் தோள் கொடுப்பது.

இந்த வண்டிகளில் தாழ்கியர் என்றொன்றும் உண்டு. மூட்டையுடன் செங்குத்தான ஏற்றத்தில் ஏறுபவர் அடிகளைச் சுருக்கிச் சுருக்கி வைப்பதைக் கண்டிருப்பீர்கள். தாழ்கியர் செய்வதும் அதுவே: வேகத்தைக் குறைத்து வலிமையைப் பெருக்குகிறது. இறக்கத்திலும் பிரேக்கை ஓயாமல் மிதிக்காமல் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த அது உதவும்.

ஓர் எச்சரிக்கை. ஜிம்னி, தார் போன்ற வண்டிகளில் உலர்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் முன்சக்கரங்கள் கடக்கும் தொலைவு வேறு, பின்சக்கரங்கள் கடக்கும் தொலைவு வேறு. இரண்டையும் ஒரே வேகத்தில் பிணைத்துவிட்டால் உள்ளேயிருக்கும் பற்சக்கரங்கள் முறுக்கேறித் தேய்ந்து போகும். மண்ணிலும் சேற்றிலும் டயர் சற்று வழுக்கி அந்த முறுக்கைத் தளர்த்திக்கொள்ளும். தாரில் அதற்கு இடமில்லை.

எந்தப் பாதைக்கு எந்த வண்டி?

நண்பரொருவரின் ஜிம்னியை இரவல் பெற்று, மாணவரும் நானும் ஒரு ஞாயிறு காலையில் புறப்பட்டோம். ஆம்பூரின் குறுகிய தெருக்களில் அது தடையின்றிப் புகுந்து சென்றது. தாரின் அகலம் 1820 மில்லிமீட்டர். ஜிம்னியின் அகலம் 1645 மட்டுமே. நம் ஊர்ச் சந்துகளில் எதிரே சரக்கு வண்டி வந்தால் இந்த வேறுபாட்டின் அருமை தெரியும். நெடுஞ்சாலையில் நிலைமை வேறு. உயரம் மிகுந்து, அகலம் குறைந்த உடலமைப்பு ஆதலால் பெரிய பேருந்து கடக்கும்போது காற்றில் சற்று அசைகிறது. வளைவுகளில் நிதானம் வேண்டும்.

வாணியம்பாடியில் திரும்பி, ஆலங்காயம் வழியாகக் காவலூர் சென்றோம். 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி அமைந்துள்ள ஆய்வுக்கூடம் அங்குதான் இருக்கிறது. அதுவரை சாலை நன்றாகவே இருந்தது. நான்கு சக்கர இயக்கத்துக்கான நெம்புகோலை மாணவர் தொடவே இல்லை. ஏலகிரியும் அவ்வாறே. 14 கொண்டையூசி வளைவுகள் இருந்தபோதிலும் அது தார்ச்சாலை. எந்தச் சிறு காரும் நிதானமாக ஏறிவிடும். “மலைக்குப் போக ஜீப் வேண்டும்” என்று வாதாடும் பிள்ளைகளிடம் பெற்றோர் இதைச் சொல்லலாம்.

காவலூரைக் கடந்து, சிற்றூர் ஒன்றுக்குச் செல்லும் மண்பாதையில் திரும்பிய பிறகே வண்டியின் தகுதி தெரிந்தது. மழைநீர் அறுத்த பள்ளங்கள். நடுவே துருத்திய பாறைகள். அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே 210 மில்லிமீட்டர் இடைவெளி இருந்ததால் பாறை தட்டவில்லை. தாழ்கியரில், நடக்கும் வேகத்தில், அலுங்காமல் ஏறிற்று.

பாதையோரம் சாமை வயலருகே நின்றிருந்த பெரியவர் ஒருவர் வண்டியைக் கை காட்டி நிறுத்தினார். சுற்றி வந்து பார்த்தார். பிறகு, “இது ஆசுபத்திரிக்கு ஆள் ஏத்தற வண்டியாங்க?” என்று கேட்டார். இல்லையென்றோம். “அப்படின்னா எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்றார். மாணவர் என்னைப் பார்த்தார். சொல்வதற்கு எங்களிடம் விடை இருக்கவில்லை.

மலைமேல் வாழ்பவர்கள்

அப்பெரியவர் ஏன் அவ்வாறு கேட்டார் என்பதை இவ்வட்டாரத்துச் செய்திகள் சொல்லும். வாணியம்பாடியை அடுத்த நெக்னாமலையில் சாலை இல்லாமையால், நோயாளிகளையும் கருவுற்ற பெண்களையும் டோலி கட்டித் தோளில் சுமந்து இறக்கிய செய்தி பலமுறை நாளேடுகளில் வந்தது. அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலையில் 2023 மே மாதம் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு தீண்டியது. மருத்துவமனையை அடையுமுன் குழந்தை இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் அந்தப் பாதையில் மேலே ஏற இயலாததால், தாயே குழந்தையின் சடலத்தைச் சுமந்துகொண்டு கிலோமீட்டர் கணக்கில் மலையேறி நடந்தார்.

நமக்கு ஞாயிற்றுக்கிழமை வேடிக்கையாக இருக்கும் அதே கரடுமுரடு, அவர்களுக்கு உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தூரம். நாம் தேடிச் செல்லும் பள்ளம், அவர்கள் தூர்க்கச் சொல்லி மனுக் கொடுத்த பள்ளம். மழைக்காலத்தில் நம் வண்டிச் சக்கரம் சுழன்று அந்த மண்பாதையை உழுதுவிட்டுத் திரும்பினால், மறுநாள் 108 வண்டிக்கு இருந்த சிறு வழியும் அடைபட்டுப் போகும்.

காட்டுக்குள் நுழைவதும் விளையாட்டன்று. ஜவ்வாது மலையில் பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதியின்றி அதற்குள் நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றமாகும். வறண்ட பாலாற்று மணலில் வண்டியோட்டிப் பழகலாம் என்று கருதுவோரும் உளர். தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டுக்காகவே உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் புகழ்பெற்ற தீர்ப்பொன்றை வழங்கிற்று. ஏற்கெனவே நொந்த அந்த ஆற்றின்மீது நம் சக்கரங்களும் ஏற வேண்டுமா? பழக விரும்புவோர் சொந்த நிலத்திலோ, உரியவர் இசைந்த நிலத்திலோ பழகட்டும்.

வாங்குமுன் நான்கு கேள்விகள்

முதலாவது: ஆண்டில் எத்தனை நாள் தாரில்லாத பாதையில் செல்வீர்கள்? விரல்விட்டு எண்ணத்தக்க நாட்களே என்றால், அந்நாட்களில் வாடகை ஜீப் போதும்.

இரண்டாவது: வீட்டில் எத்தனை பேர்? ஜிம்னியில் நால்வரே அமரலாம். மூன்று கதவுத் தாரின் பின்னிருக்கைக்கு, முன்னிருக்கையை மடக்கி உயரத்தில் ஏறிச் செல்ல வேண்டும். முழங்கால் வலியுள்ள வாப்பாவையும் உம்மாவையும் ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது: பணம் எங்கிருந்து வருகிறது? வட்டிக் கடனை விலக்க எண்ணும் நம் குடும்பங்களில், தவணை விளம்பரம் கண்டு மயங்குவதினும், சேமித்த தொகைக்குள் நல்ல பழைய வண்டியைத் தேடுவதே மேல். பழைய ஜிப்ஸி எளிய பொறியமைப்புக் கொண்டது. ஆனால் பட்டைவில் ஆதலால் குலுக்கும். பழைய வண்டி எதுவாயினும், தெரிந்த மெக்கானிக்கை அழைத்துச் சென்று அடிச்சட்டத்தில் துருவோ பற்றவைப்போ உள்ளதா என்று பார்ப்பதும், நான்கு சக்கர இயக்கத்தையும் தாழ்கியரையும் மண்தரையில் போட்டுச் சோதிப்பதும் இன்றியமையாதவை.

நான்காவது: அந்த வலிமை யாருக்குப் பயன்படப் போகிறது?

மாணவர் ஓராண்டு காத்திருந்தார். பின்னர்ச் சேமிப்பில் பழைய ஜிம்னி ஒன்றை வாங்கினார். மழைக்காலத்தில் தோப்புக்குச் செல்லும் பாதை சேறாகிவிடுவதால் அவருக்கு அது உண்மையிலேயே தேவை. தோப்புக்கு மேலேயுள்ள குடியிருப்பில் தம் தொலைபேசி எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிறார். இதுவரை இருமுறை நள்ளிரவில் அழைப்பு வந்தது, இருமுறையும் சென்றார். ஒருமுறை பிரசவ வலி. மற்றொருமுறை கீழே விழுந்து காலொடிந்த சிறுவன்.

வாசகர்களே, வண்டி வாங்குவது உங்கள் உரிமை. மலையின் அழகைக் கண்டு மகிழ்வதும் தவறன்று. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, பாதை முடியும் இடத்திலும் செல்லவல்லது. பாதை முடியும் இடத்தில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதை மட்டும் அதை வாங்குபவர் மறவாதிருக்கட்டும்.