பனிக்கட்டிதான் பாலம்!

ஜனவரி மாதம். எதிரே ஒரு பெரிய ஆறு. பாலம் கிடையாது, படகும் கிடையாது. காரை ஓட்டுகிறவர் என்ன செய்கிறார் தெரியுமா? கரைச் சரிவில் மெதுவாக இறக்கி, நேரே ஆற்றின் மேலேயே ஓட்டிக்கொண்டு போகிறார்! நீங்களும் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கண்களை இறுக மூடிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டிருப்போம். அந்த ஊர்ப் பெண்களுக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை. அவர்களுக்கு அது கடைக்குப் போகிற வழி.

கனடா தேசத்தின் வடமேற்குக் கோடியில் இருக்கிறது இந்த விந்தை. டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை என்று பெயர். தங்க வேட்டைக்குப் பேர்போன டாசன் நகருக்குச் சுமார் 40 கிலோமீட்டர் கிழக்கே தொடங்கி, வடக்கு நோக்கி 736 கிலோமீட்டர் ஓடி, இனுவிக் என்னும் ஊரில் முடிகிறது. ஆர்க்டிக் வட்டத்தையே கடந்து போகிற சாலை! வாருங்கள், ஒரு தடவை போய்வருவோம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே போகிற பிரயாணந்தான். கம்பளிச் சட்டைகூட வேண்டியதில்லை.

ஆனால் நிஜமாகப் போகிறவர்கள் மூட்டை கட்டும் விதமே வேறு. ஒரு ஸ்டெப்னி போதாது, இரண்டு வேண்டும். தார் ரோடு என்பது அநேகமாக இல்லை, பெரும்பாலும் சரளை. அதில் கத்திபோல் கூர்மையான கற்சில்லுகள் கிடக்கும். டயருக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. புறப்பட்ட இடத்திலிருந்து 369 கிலோமீட்டருக்கு ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது, ஒரு டீக்கடை கிடையாது. பெரும்பாலான தூரத்துக்கு டெலிபோனும் பேசாது. ஆகையால் சாப்பாடு, தண்ணீர், போர்வை எல்லாம் காரிலேயே இருக்க வேண்டும். வழியில் யாராவது வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றால், பின்னால் வருகிறவர் தாமும் நிறுத்தி, "எல்லாம் சரிதானே?" என்று விசாரித்துவிட்டுத்தான் போவார். அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

குளிர்காலம் என்றால் இன்னொரு வேடிக்கை. அந்தப் பக்கத்துக் கார்களுக்கு முன்னால் மூக்கிலிருந்து தொங்குகிற மாதிரி ஒரு மின்சாரப் பிளக் தொங்கும். இரவில் காரை நிறுத்தினால், இஸ்திரிப் பெட்டியைச் சொருகுகிறது போல அதைச் சுவரில் சொருகிவிட வேண்டும். உள்ளே ஒரு ஹீட்டர் இஞ்சினைச் சூடாக வைத்திருக்கும். இல்லாவிட்டால் காலையில் கார் கிளம்பாது. மைனஸ் 40 டிகிரி என்பது அங்கே அபூர்வமில்லை. அந்த ஒரு புள்ளியில் சென்டிகிரேடு, பாரன்ஹீட் இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடுகின்றன. எந்தக் கணக்கில் சொன்னாலும் நடுக்கம் ஒன்றுதான்.

சரி, இப்போது நாம் ஆகஸ்டு மாதக் கடைசியில் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். முதலில் வருவது டூம்ஸ்டோன் மலைகள். கறுத்து, கூர் கூராக நிற்கும் சிகரங்கள். அடிவாரத்தில் மரமே இல்லாத வெளி. செடிகள் பெரும்பாலும் குட்டைதான். அந்தக் குட்டைச் செடிகளெல்லாம் அந்தச் சமயத்தில் சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பழுத்துக் கிடக்கும். ஜனங்கள் கூடையும் டப்பாவுமாக இறங்கி அவுரிநெல்லி போன்ற காட்டுப் பழங்களைப் பறிப்பார்கள். கரடிக்கும் அதே பழத்தில்தான் ஆசை என்பதால் ஒரு கண் பழத்திலும் ஒரு கண் புதரிலும் இருக்க வேண்டும். இன்னும் சற்றுத் தூரம் போனால் துருப்பிடித்த இரும்பைக் கரைத்தாற்போல் சிவந்து ஓடும் ஓர் ஓடை. கந்தக நெடி மூக்கைத் துளைக்கும்.

சாலையை ஒரு நிமிஷம் கவனியுங்கள். தரையோடு தரையாக இல்லை. கரை கட்டியது போல் உயர்த்தி, சில இடங்களில் ஆள் உயரத்துக்கும் மேலாகச் சரளையைக் கொட்டி, அதன் மேல் போட்டிருக்கிறார்கள். ஏன் என்று நினைக்கிறீர்கள்? வெள்ளத்துக்குப் பயந்தா? இல்லை. வெயிலுக்குப் பயந்து!

அங்கே மேல்மண் சிறிதளவுதான் கோடையில் இளகும். அதற்குக் கீழே பல்லாயிரம் ஆண்டுகளாக உருகாத உறைமண். மண்ணும் பனிக்கட்டியும் கலந்து கல்லாகிக் கிடப்பது. உறைந்திருக்கும் வரையில் அது பாறை. இளகிவிட்டாலோ சேறு, சாலை அதில் புதைந்துபோகும். நம் ஊரில் ஐஸ் வண்டிக்காரர் பனிக்கட்டிப் பாளத்தின் மேல் மரத்தூளைக் கொட்டிக் கோணியைப் போட்டு மூடி வைப்பார் அல்லவா? கோணி எதற்கு, ஐஸுக்குக் குளிருமென்றா? வெளிச்சூடு உள்ளே போகாமலிருக்கத்தான். டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையின் சரளை முழுவதும் அப்படிப்பட்ட ஒரு கோணி. அதைப் போர்த்தி முடிக்க இருபது வருஷம் பிடித்தது. 1959-ல் ஆரம்பித்தார்கள், செலவு தாங்காமல் 116 கிலோமீட்டரோடு நிறுத்தினார்கள், 1968-ல் அலாஸ்காவில் எண்ணெய் கிடைத்த பிறகு மறுபடி சுறுசுறுப்பு வந்து, 1979 ஆகஸ்டில் திறந்தார்கள்.

ஈகிள் பிளெய்ன்ஸ் என்ற இடத்தில் ஒரு ஹோட்டல். பெட்ரோல், படுக்கை, சூடான சூப் மூன்றும் ஒரே இடத்தில்! பாறைமேல் அஸ்திவாரம் போட இடம் கிடைத்ததால்தான் அங்கே கட்டினார்களாம். அங்கிருந்து 36 கிலோமீட்டரில் ஆர்க்டிக் வட்டம். ஒரு பலகை நிற்கிறது, அவ்வளவுதான். எல்லோரும் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் பிறகு ரிச்சர்ட்ஸன் மலைத்தொடர். குளிர்காலத்தில் இங்கே வீசும் காற்று லாரியையே புரட்டிவிடும். காற்று அடங்கும் வரை சாலையை மூடிவிடுவார்கள். இந்த மலைகளின் வழியாகத்தான் காரிபூ மான்கள் கூட்டம் கூட்டமாகக் கடக்கும். 2017-ல் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மான்கள் இருந்த மந்தை. அவை கடக்கும்போது கார்தான் காத்திருக்க வேண்டும்.

மலை இறங்கியதும் வருவது ஃபோர்ட் மக்ஃபெர்சன். குவிச்சின் என்னும் பூர்வகுடி மக்களின் ஊர். இங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் நான்கு போலீஸ்காரர்கள் அடக்கமாகியிருக்கிறார்கள். சாலைக்கு டெம்ப்ஸ்டர் என்று பெயர் வந்த கதை அங்கேதான் இருக்கிறது.

சாலை வருவதற்கு முன்பு ஒவ்வொரு குளிர்காலத்திலும் போலீஸ் ரோந்து ஒன்று நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளில் தபாலை எடுத்துக்கொண்டு இந்த ஊருக்கும் டாசனுக்கும் இடையே போகும். உறைந்த ஆறுகள்தாம் பாதை. 1910 டிசம்பர் 21-ஆம் தேதி இன்ஸ்பெக்டர் ஃபிட்ஸ்ஜெரால்டு மூன்று பேருடன் இங்கிருந்து கிளம்பினார். அடுத்த வருஷம் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்குப் போகிற அணியில் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று சுமையைக் குறைத்தார். சுமை என்றால் சாப்பாடு! முப்பது நாளைக்குத்தான் கையில் இருந்தது. வழியில் ஈசா ஜார்ஜ் என்ற குவிச்சின் வழிகாட்டி சில நாட்கள் கூட வந்தார். புது வருஷப் பிறப்பன்று அவருக்குக் கூலி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கூட வந்த கார்ட்டர் என்பவர் தமக்கு வழி தெரியும் என்றார். அவர் அந்த வழியில் வந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் எதிர்த்திசையில்.

ஒரு வழியில் வரும்போது பார்த்த அடையாளங்கள் போகும்போது அப்படியே தெரிவதில்லை. வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புகையில் சந்து மாறிப்போவதில்லையா? இங்கே சந்து மாறினால் பக்கத்து வீட்டில் கேட்கலாம். அங்கே யாரைக் கேட்பது? திரும்ப வேண்டிய ஓடை எது என்று கண்டுபிடிக்க முடியாமல் மைனஸ் 50 டிகிரிக் குளிரில் நாள் கணக்கில் சுற்றினார்கள். ஜனவரி 18-ஆம் தேதி, வந்த வழியே திரும்பினார்கள். உணவு தீர்ந்தது. வண்டி இழுத்த நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று தின்றார்கள். இரண்டு பேர் நடக்க முடியாமல் முகாமிலேயே கிடந்து இறந்தார்கள். ஃபிட்ஸ்ஜெரால்டும் கார்ட்டரும் இன்னும் கொஞ்ச தூரம் வந்தார்கள். ஊருக்கு 40 கிலோமீட்டர்தான் இருந்தது.

டாசனிலிருந்து கார்ப்போரல் டெம்ப்ஸ்டர் தேடப் புறப்பட்டு மார்ச் மாதம் 21, 22 தேதிகளில் நான்கு உடல்களையும் கண்டுபிடித்தார். ஃபிட்ஸ்ஜெரால்டின் பையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. கரிந்த குச்சியால் எழுதிய உயில். தம்மிடம் உள்ள பணம், துணிமணி எல்லாம் அம்மாவுக்கு என்று எழுதியிருந்தார்.

டெம்ப்ஸ்டர் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் அவருடன் சார்லி ஸ்டூவர்ட் என்ற குவிச்சின் வழிகாட்டி போனார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வழிகாட்டி இல்லாமல் போனவர்கள் மாண்டார்கள். வழிகாட்டியோடு போனவர் கண்டுபிடித்தார். பெயர் மட்டும் ஒருவருக்கே கிடைத்தது. அதற்குப் பிறகு போலீஸார் வழியில் உணவுக் கிடங்குகள் வைத்தார்கள். உள்ளூர் வழிகாட்டியையும் கூடவே அழைத்துப் போனார்கள்.

இனி ஆறுகள். பீல் ஆறு ஒன்று, மெக்கன்சி மகாநதி ஒன்று. கோடையில் இரண்டிலும் கார் ஏற்றும் படகு ஓடும்; காசு கிடையாது. குளிர்காலத்தில் ஆறு உறைந்ததும் அதுவே சாலை. ஆனால் சும்மா உறைந்தால் போதாது. பனிக்கட்டியின் கனத்தை அளப்பார்கள். மேலே தண்ணீரை இறைத்து ஊற்றி ஊற்றி, தோசை மேல் தோசையாகக் கனம் ஏற்றுவார்கள். முதலில் சிறிய கார், கனம் ஏற ஏற லாரி. வேகமாகப் போகக் கூடாது. கனமான வண்டி வேகமாக ஓடினால் பனிக்கட்டிக்கு அடியில் தண்ணீர் அலையாக எழும்பி அதை உடைத்துவிடும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் வருவதுதான் கஷ்டகாலம். அக்டோபர், நவம்பரில் ஆற்றில் பனிக்கட்டி மிதக்கத் தொடங்கும். படகு ஓட முடியாது. வண்டியும் போக முடியாது. வசந்தத்தில் பனி உடையும்போதும் அதே கதை. அந்தச் சில வாரங்களுக்கு இனுவிக்கிற்குச் சாலை கிடையாது. பாலும் காய்கறியும் விமானத்தில் வர வேண்டும். விலையும் விமானம் ஏறிவிடும். குடும்பப் பெண்கள் முன்கூட்டியே சாமான் வாங்கி அடுக்கிவிடுகிறார்கள். அவர்கள் ஆற்றைப் பார்த்து வேண்டுவது என்ன தெரியுமா? "சீக்கிரம் உறைந்து போ!" என்பதைத்தான்.

இனுவிக் சுமார் 3,000 பேர் வாழும் ஊர். பெயருக்கு 'மனிதர் வாழும் இடம்' என்று பொருள். வீடுகளெல்லாம் தூண்களின் மேல் நிற்கும். அடுப்பின் சூடும் அறையின் சூடும் தரைக்கு இறங்கினால் உறைமண் இளகி வீடே சாய்ந்துவிடுமே! தண்ணீர்க் குழாயையும் சாக்கடைக் குழாயையும் புதைக்க முடியாது. இரண்டையும் தகரப் பெட்டிக்குள் வைத்துச் சூடாக்கி, தரைக்கு மேலே வீட்டுக்கு வீடு கொண்டுபோகிறார்கள். தெருக்களில் குறுக்கும் நெடுக்குமாக இந்தப் பெட்டிகள்தான். 2010-ல் ஒரு மசூதி அங்கே வந்து சேர்ந்தது. 'வந்து சேர்ந்தது' என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். வின்னிபெக் நகரத்தில் முழுக்கட்டடமாகச் செய்து, லாரியிலும் மெக்கன்சி ஆற்றில் படகிலுமாகச் சுமார் 4,000 கிலோமீட்டர் தூரம் கொண்டுவந்து இறக்கினார்கள்! பழைய ஹாக்கி மைதானக் கொட்டகை ஒன்றைக் கண்ணாடிக்கூரைத் தோட்டமாக்கி, கோடையில் கீரையும் தக்காளியும் பயிரிடுகிறார்கள். கோடையில் ஐம்பது நாட்களுக்கு மேல் சூரியன் அஸ்தமிப்பதே இல்லை. செடிகளுக்குத் தூக்கமே கிடையாது, மளமளவென்று வளர்கின்றன.

இங்கே முன்பெல்லாம் சாலை முடிந்துவிடும். மேலே டுக்டோயாக்டுக் என்ற கடலோர ஊருக்குப் போக வேண்டுமானால் ஆறு உறைந்து கடலும் உறைய வேண்டும். 2017 நவம்பர் 15-ஆம் தேதி 137 கிலோமீட்டரில் புதுச் சாலை திறந்தார்கள். அதைக் கோடையில் போடவில்லை, பாருங்கள். தரை கெட்டியாயிருக்கும் கடுங்குளிர் மாதங்களில்தான் பெரும்பாலான வேலையைச் செய்தார்கள். செடியையும் மண்ணையும் கிளறாமல், மேலே ஒரு துணியை விரித்து, அதன் மேல் சரளையைக் கொட்டினார்கள். மறுபடியும் அந்தக் கோணிதான்.

டுக்டோயாக்டுக்கில் இனுவியாலுவிட் மக்கள் உறைமண்ணில் சுமார் முப்பதடி ஆழத்துக்குக் குழி தோண்டி, கீழே அறை அறையாகக் குடைந்து, மீனும் இறைச்சியும் வைக்கிற ஐஸ் கிடங்கு ஒன்று செய்தார்கள். ஏணி வழியாக இறங்க வேண்டும். மின்சாரம் வேண்டாத குளிர்ப் பெட்டி! ஊருக்கு வெளியே பிங்கோ என்னும் குன்றுகள் நிற்கின்றன. பூமிக்குள் பனிக்கட்டி வளர்ந்து தரையைத் தூக்கி நிறுத்திய மேடுகள் அவை. இப்யுக் என்ற பிங்கோ 49 மீட்டர் உயரம்.

இப்போது அந்தப் பகுதி உலகின் மற்ற இடங்களைவிட வேகமாகச் சூடேறி வருகிறது. ஃபோர்ட் மக்ஃபெர்சன் பக்கத்தில் உறைமண் இளகி மலைச்சரிவுகள் சரிந்து சாலையை நெருங்கியிருக்கின்றன. சாலைப் பணியாளர்கள் வருஷா வருஷம் பள்ளங்களுக்குச் சரளை கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள். டுக்டோயாக்டுக் கரையில் பனி தாமதமாக உறைவதால் இலையுதிர்காலப் புயலின் அலைகள் நேராக வந்து இளகிய மண்ணைக் கரைத்துக்கொண்டு போகின்றன. 2020-ல் கடலோரத்து வீடுகள் சிலவற்றை அப்படியே அடியோடு தூக்கி, வண்டியில் ஏற்றி, ஊருக்கு உட்புறமாகக் கொண்டுபோய் வைத்தார்கள்.